பத்து மணிக்குப் பன்னிரண்டு வீடுகள்

கடுகுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். பிறகு மூக்கு. அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று அவளுக்கே தெரியாது.

அவளுக்குப் பத்து வயது. வகுப்பிலேயே குள்ளம். சூடு பட்டால் படபடவென்று வெடிப்பாள். அதனால்தான் அந்தப் பெயர். பள்ளிப் பதிவேட்டில் வேறொரு பெயர் இருந்தது. ஆனால் அதை ஆசிரியையே மறந்துவிட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை அவளுடைய காது, மூக்கு இரண்டும் சிவந்திருந்தன. அம்மா ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடிதம் குடியிருப்பு வாரியத்திலிருந்து வந்திருந்தது. கடுகு குடியிருந்த கட்டடம் வாரியத்துக்குச் சொந்தமானது. பெரிய வாடகை கொடுக்க முடியாத குடும்பங்களுக்காகக் கட்டியது. எது பழுதானாலும் வாரியம்தான் சரிசெய்து தர வேண்டும். அப்படித்தான் ஒப்பந்தத்தில் இருந்தது.

ஒன்பது வாரங்களுக்கு முன்பு ஆறு கரையை உடைத்துக்கொண்டு தெருவுக்குள் வந்தது. தரைத்தளத்தில் இருந்த பன்னிரண்டு வீடுகளுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. அப்பாவுக்குத் தொடை வரை, கடுகுக்கு இடுப்பு வரை. இரண்டு நாட்கள் எல்லோரும் மாடி வீடுகளில் ஒண்டிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தது.

தண்ணீர்தான் போனது. ஈரம் போகவில்லை. சுவரின் பூச்சு உப்பிக்கொண்டு, தொட்டால் பொலபொலவென்று உதிர்ந்தது. ஜன்னல் சட்டம் ஊறிப் பெருத்து, திறக்கவே முடியாமல் இறுகிப் போனது. சுவரெங்கும் கறுப்புப் புள்ளிகளாகப் பூசணம் பூத்தது. அம்மா தினமும் வேலைக்குப் போகும் முன் அதைத் தேய்த்துத் துடைப்பாள். சாயங்காலம் வந்து பார்த்தால், "நான் இங்கேதான் இருக்கேன்" என்று அது மறுபடியும் உட்கார்ந்திருக்கும். நாலு வயதுத் தம்பிக்கு இருமல் நிற்கவே இல்லை.

அப்பா பஸ் டிரைவர். ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு இடைவேளையில் வாரியத்துக்குப் போன் செய்வார். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று ஒரு குரல் சொல்லும். பிறகு ஒரு இசை வரும். இடைவேளை முடியும்வரை இசைதான். லீவு நாட்களில் அவர் வீட்டிலிருந்து போன் செய்யும்போது கேட்டுக் கேட்டு, தம்பி அந்த இசையை முழுசாகக் கற்றுக்கொண்டுவிட்டான்.

"முக்கியம்னா எடுக்க வேண்டியதுதானே?" என்று கடுகு ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

இப்போது ஒன்பது வாரம் கழித்து இந்தக் கடிதம். கடுகு அதை அம்மாவின் கையிலிருந்து வாங்கி உரக்கப் படித்தாள்.

"எங்கள் ஆய்வாளர் இம்மாதம் பதினான்காம் தேதி காலை பத்து மணிக்குத் தங்கள் இல்லத்தை நேரில் பார்வையிட்டார். சுவர்களில் காணப்படும் பூசணம் வெள்ளத்தால் ஏற்பட்டது அல்ல. வீட்டைத் தூய்மையாக வைத்துக்கொள்ளாததாலும், ஜன்னல்களைத் திறந்து வைக்காததாலும் ஏற்பட்டது. எனவே தங்கள் கோரிக்கை முடித்து வைக்கப்படுகிறது."

கடுகுக்குத் தலை கிர்ரென்றது.

"தூய்மையா வெச்சுக்கலையா? நீயா? உனக்கா?"

அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் துப்புரவுப் பணியாளர். அதுவும் அறுவை சிகிச்சை அறையில். அங்கே ஒரு கிருமி தப்பினாலும் நோயாளிக்கு ஆபத்து. அம்மா துடைத்தால் கிருமி தப்பாது.

"மெதுவாப் பேசுடி" என்றாள் அம்மா. "பக்கத்துல கேக்கும்."

"கேக்கட்டும்! அவங்க எப்பம்மா வந்து பாத்தாங்க?"

"பத்து மணிக்கு நாம யாரும் வீட்டுல இல்ல. ஜன்னல் வழியா எட்டிப் பாத்திருப்பாங்க." அம்மா கடிதத்தை நாலாக மடித்து, மாவு டப்பாவுக்கு அடியில் செருகினாள். "யார்கிட்டயும் சொல்லாதே. மானம் போயிடும்."

கடுகு சரி என்றாள்.

மறுநாள் மாலை அவள் வழக்கம் போல ஏழாம் எண் வீட்டுக்குப் போனாள். அங்கே இருந்த தையல் அத்தையின் மூக்குக்கண்ணாடி வெள்ளத்தோடு போய்விட்டது. புதுக் கண்ணாடி வரும்வரை, தினமும் பத்துப் பன்னிரண்டு ஊசிகளில் நூல் கோத்து வைத்துவிட்டு வருவது கடுகின் வேலை. யாரும் சொல்லி அவள் அதைச் செய்யவில்லை. ஒருநாள் அத்தை கால் மணி நேரம் ஊசியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தாள். அன்றிலிருந்து போகிறாள்.

ஆறாவது ஊசியைக் கோக்கும்போது அத்தை துணிக்கட்டுக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள்.

"கண்ணு, இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்றியா? நாலு நாளா வெச்சிருக்கேன். வேற யார்கிட்டயும் குடுக்கப் பயமா இருந்துச்சு."

கடுகு பிரித்தாள். "எங்கள் ஆய்வாளர் இம்மாதம் பதினான்காம் தேதி காலை பத்து மணிக்கு..."

ஊசி அவள் கையிலிருந்து விழுந்தது.

"அத்தை, அன்னிக்குப் பத்து மணிக்கு உங்க வீட்டுக்கு யாராவது வந்தாங்களா?"

"பதினாலாம் தேதியா? அன்னிக்கு இருபது ஸ்கூல் யூனிஃபார்ம் தைச்சுக் குடுத்தேன். காலையிலேர்ந்து மெஷினை விட்டு எழுந்திருக்கவே இல்ல. கதவு திறந்தேதான் கெடந்துச்சு. ஒரு ஈ காக்கா வரலையே!"

"எங்களுக்கும் இதே" என்று கடுகின் வாய் வரை வந்துவிட்டது. ஆனால் அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். அவள் வாயை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

அம்மா முழுவதையும் கேட்டாள். மாவு டப்பாவைத் தூக்கி, கடிதத்தை எடுத்து மறுபடி படித்தாள்.

"அதே நாள்?"

"அதே நாள். அதே பத்து மணி. அதே வார்த்தை. ஒரு கமா கூட மாறலம்மா! மத்த வீட்டுக்கும் வந்திருக்கும். வா, கேப்போம்."

"எப்படிடி கேக்கறது? 'உங்க வீட்டையும் அழுக்குன்னு சொன்னாங்களா'ன்னா?"

கடுகு யோசித்தாள். அம்மாவே ஒளித்து வைத்ததை மற்றவர்கள் மட்டும் உடனே எடுத்துக் காட்டுவார்களா?

"கேக்க வேணாம்மா. நம்ம கடிதத்தை முதல்ல காட்டுவோம்."

அம்மா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

முதல் வீட்டில் அம்மா கடிதத்தை நீட்டினாள். அந்த வீட்டு அக்கா படித்தாள். உள்ளே போய், மெத்தைக்கு அடியிலிருந்து ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தாள்.

"எங்களுக்கு மட்டும்தான் வந்திருக்குன்னு நெனச்சு ரெண்டு நாள் அழுதேங்க" என்றாள்.

அடுத்த வீட்டில் கடிதம் சட்டைப் பெட்டியிலிருந்து வந்தது. அதற்கடுத்ததில் சாமான் கூடையிலிருந்து. பதினொன்றாம் எண்ணில் இருந்த லாரி மாமாவின் கடிதம் முழுக்க டேப் ஒட்டியிருந்தது.

"கோபத்துல கிழிச்சுட்டேன்" என்றார் அவர், மீசையைத் தடவிக்கொண்டு. "அப்புறம் என்ன எழுதியிருந்துச்சுன்னு மறந்து போச்சு. ஒட்டிட்டேன்."

ஐந்தாம் எண் வீடு பூட்டியிருந்தது. அங்கே இருந்த குடும்பம் வெள்ளம் வடிந்த மறுநாளே வேறு ஊருக்குப் போய்விட்டது. ஆனால் கதவிடுக்கில் அதே நிற உறை ஒன்று எட்டிப் பார்த்தது. லாரி மாமா அவர்களுக்குப் போன் போட்டார். "பிரிச்சுப் படிங்க" என்றார்கள்.

அதே கடிதம்தான்.

"ஆளே இல்லாத வீடு!" கடுகு கத்தினாள். இப்போது காது, மூக்கு, கன்னம் எல்லாம் சிவப்பு. "இதை யார் அழுக்காக்கினாங்க? பூட்டா?"

மறுநாள் காலை அம்மா அரை நாள் லீவு போட்டாள். கடுகுக்குப் பள்ளி விடுமுறை. பன்னிரண்டு கடிதங்களோடு பதினைந்து பேர் வாரிய அலுவலகத்துக்குப் போனார்கள்.

கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஒரு டோக்கனுக்கு ஒரு வீடு. முடிச்சு வெச்ச கோரிக்கைக்குப் புதுசா படிவம் எழுதணும். படிவம் தீர்ந்து போச்சு. அடுத்த வாரம் வாங்க."

"அடுத்த வாரம் வந்தா?" என்று கேட்டார் லாரி மாமா.

"டோக்கன் எடுக்கணும்."

கடுகு கவுன்டருக்கு முன்னால் போய் நின்றாள். கவுன்டருக்கு மேல் அவளுடைய நெற்றி மட்டும்தான் தெரிந்தது. எட்டி எட்டி, பன்னிரண்டு கடிதங்களையும் ஒவ்வொன்றாக வரிசையாகப் பரப்பினாள்.

"சார், உங்ககிட்ட எத்தனை ஆய்வாளருங்க இருக்காங்க?"

"ஒருத்தர்தான். ஏன்?"

"பதினாலாம் தேதி பத்து மணிக்கு அவர் எங்க வீட்டுல இருந்திருக்காரு."

"இருந்திருப்பாரு. அதுக்கென்ன?"

"அதே பத்து மணிக்கு இந்த அத்தை வீட்டுலயும் இருந்திருக்காரு. இந்த மாமா வீட்டுலயும். இந்த அக்கா வீட்டுலயும். பன்னெண்டு வீட்டுலயும் ஒரே நேரத்துல இருந்திருக்காரு சார். அதுல ஒரு வீடு பூட்டியிருக்கு. சாவித் துவாரம் வழியா உள்ள போனாரா?"

காத்திருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்.

"டைப்பிங் மிஸ்டேக்" என்றார் கவுன்டர்காரர்.

"பன்னெண்டு மிஸ்டேக்கா?"

"சின்னப் பசங்க கவுன்டர்ல பேசக் கூடாது. அந்தப் பக்கம் போ!"

"அப்ப நான் பேசறேன்" என்றாள் அம்மா.

அம்மா சத்தம் போட்டுப் பேசி கடுகு கேட்டதே இல்லை. இப்போதும் அவள் கத்தவில்லை. ஆனால் கூடம் முழுவதும் கேட்டது.

"நான் ஆஸ்பத்திரியில ஆபரேஷன் தியேட்டர் துடைக்கறவ. பதினோரு வருஷமா. நான் துடைச்ச பிறகுதான் டாக்டரே உள்ள வருவாரு. எங்க வீட்டைப் பாக்காமலே, எனக்குச் சுத்தம் தெரியாதுன்னு எழுதியிருக்கீங்க. என் பையன் ஒன்பது வாரமா இருமறான். பாத்துட்டு எழுதியிருந்தா சண்டை போடலாம். பாக்காமலே எழுதினா அதுக்குப் பேரு என்ன சார்?"

கவுன்டர்காரருக்குப் பின்னால் இருந்த கதவு திறந்தது. மேலாளர் அம்மாள் வெளியே வந்தார். வந்தவர் கடிதங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். ஐந்தாவதில் முகம் மாறியது. பன்னிரண்டாவதில் திரும்பி, "ஆய்வாளரைக் கூப்பிடுங்க" என்றார்.

ஆய்வாளர் வந்தார். பரப்பியிருந்த கடிதங்களைப் பார்த்ததும் அவருக்கு வேர்த்துவிட்டது.

"போனீங்களா, போகலையா?"

"மாசக் கடைசிக்குள்ள எல்லாக் கோரிக்கையும் முடிஞ்சிருக்கணும்னு நீங்கதான் மேடம்..."

"முடிக்கத்தான் சொன்னேன். பொய் எழுதவா சொன்னேன்?"

"ஒரே ஆளு நான். நானூறு வீடு மேடம்" என்றார் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு.

கடுகுக்கு அவரைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாக இருந்தது. கொஞ்சம்தான்.

"நேரமில்லன்னு எழுதியிருக்கலாமே அங்கிள்" என்றாள். "எங்க அம்மா அழுக்குன்னு ஏன் எழுதினீங்க?"

அவர் பரப்பிக் கிடந்த கடிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கத் தொடங்கினார்.

அன்று மதியமே மேலாளர் ஆய்வாளரையும் கூட்டிக்கொண்டு கடுகின் வீட்டுக்கு நேரில் வந்தார். ஈரம் அளக்கும் சின்னக் கருவி ஒன்றை ஆய்வாளர் சுவரில் வைத்தார். அது கீச்சென்று அலறியது. தம்பி கைதட்டினான். வேறு இடத்தில் வைத்தார். அங்கேயும் அலறியது.

"ஜன்னலைத் திறந்து வைக்கலன்னு எழுதியிருக்கீங்களே மேடம்" என்றாள் கடுகு. "கொஞ்சம் திறந்து காட்டுங்க."

மேலாளர் தள்ளினார். அசையவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் தள்ளினார். ஆய்வாளரும் சேர்ந்து தள்ளினார். சுவரிலிருந்து ஒரு பெரிய பூச்சுத் துண்டு பெயர்ந்து ஆய்வாளரின் காலில் விழுந்தது. ஜன்னல் அப்படியே இருந்தது.

"போதும்" என்றார் மேலாளர், மூச்சு வாங்க. "திங்கட்கிழமை வேலை ஆரம்பிக்கும். பன்னெண்டு வீட்டுலயும்."

"இன்னொண்ணு" என்றாள் கடுகு. "எங்களுக்கு இன்னொரு கடிதம் வேணும். நாங்க சொன்னது உண்மை, நீங்க எழுதினது தப்புன்னு."

"அதுக்குப் படிவம் எதுவும் கிடையாதும்மா."

"வெள்ளைப் பேப்பர் இருக்குமே?"

மேலாளர் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையாட்டினார்.

திங்கட்கிழமை கொத்தனார்கள் வந்தார்கள். ஊறிய பூச்சை இடுப்புயரத்துக்குக் கொத்தி எடுத்தார்கள். லாரி எஞ்சின் போல உறுமும் காற்று எந்திரங்கள் மூன்று வாரம் ஓடிச் சுவரை உலர்த்தின. அந்த மூன்று வாரமும் எல்லோரும் கத்தித்தான் பேசினார்கள். "உப்பை எடு" என்று அம்மா சொன்னால் அப்பா சீப்பை எடுத்து வருவார். அதன்பின் புதுப் பூச்சு, புதுச் சாயம், ஒரு விரலால் தள்ளினால் திறக்கும் ஜன்னல். தம்பியின் இருமல் குறைந்து, ஒருநாள் நின்றே போனது.

கடைசிக் கொத்தனார் சாமானைக் கட்டிக்கொண்டு போன அன்று, பன்னிரண்டு வீட்டுக்கும் கடிதம் வந்தது. ஐந்தாம் எண்ணின் கடிதத்தை லாரி மாமா போனில் படித்துக் காட்டினார். இம்முறை யாரும் ஒளித்து வைக்கவில்லை. எல்லோரும் வாசலுக்கு வந்து நின்றே படித்தார்கள்.

"தங்கள் இல்லத்தில் ஏற்பட்ட பழுது முழுவதும் வெள்ளத்தால் ஏற்பட்டதே. நேரில் பார்க்காமல் தங்களைக் குறை கூறியது எங்கள் தவறு. அதற்காக..."

படித்துக்கொண்டிருந்த கடுகு சட்டென்று நிறுத்தினாள்.

"அம்மா! 'வருந்துகிறோம்'னு எழுத வேண்டிய இடத்துல 'வருத்துகிறோம்'னு எழுதியிருக்காங்க! 'அதற்காக மிகவும் வருத்துகிறோம்'!"

"எங்களுக்கும் அப்படித்தான்!" என்று பக்கத்து வாசலிலிருந்து குரல் வந்தது. "எங்களுக்கும்!" என்றார் லாரி மாமா.

கடுகு பேனாவைத் தேடி உள்ளே ஓடப் போனாள். அம்மா அவளுடைய பின்னலைப் பிடித்து நிறுத்தினாள்.

"திருத்தாதே, விடு" என்றாள். "ரெண்டு மாசமா அவங்க நம்மளை வருத்தத்தானே செஞ்சாங்க? இப்பதான் ஒரு உண்மையை எழுதியிருக்காங்க."

தையல் அத்தைதான் முதலில் சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு வாசல் வாசலாகத் தாவி, பன்னிரண்டாம் எண் வரைக்கும் போனது.