ராயபுரம் மாநாட்டில் இரண்டு நாள்

பிரசங்கம் முடிகிறபாடாக இல்லை.

சுகிர்தம் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பீடத்தைப் பார்த்தாள். மெழுகுவர்த்திகள் ஒவ்வொன்றும் இரண்டிரண்டாகத் தெரிந்தன. விடிந்ததும் விடியாததுமாகத் திருவொற்றியூரில் ரயில் ஏறியவள். பூசையில் நன்மையாகிய திவ்விய அப்பம் வாங்க வேண்டும் என்று ஒருசந்தி இருந்து, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் வந்திருந்தாள். இப்போது மணி ஒன்பதரை...

1954-ஆம் வருஷம், ஐப்பசி மாதம். போப்பாண்டவர் மாதாவுக்கென்று அறிவித்த வருஷம் என்பதால் ராயபுரம் கோயிலில் கத்தோலிக்க வாலிபர் மாநாடு. சனி, ஞாயிறு இரண்டு நாள். எண்ணூரிலிருந்தும் பேசின் பிரிட்ஜிலிருந்தும் வந்த வாலிபர்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று கோயில் நிரம்பியிருந்தது. வெளியே ஓயாத தூறல். உள்ளே புழுக்கம்.

"டோரதி... நான் கொஞ்சம் வெளியே போய் நிக்கிறேன்."

பக்கத்திலிருந்த தோழி பதில் சொல்வதற்குள் சுகிர்தம் எழுந்து பக்கவாசலுக்கு வந்துவிட்டாள். நிலைக்கல்லைப் பிடித்துக்கொண்டாள். கண் இருட்டியது.

"இன்னாமா, மயக்கமா? இப்டி குந்து, குந்து."

யாரோ ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார்கள். உட்கார்ந்தாள். கண்ணுக்கு நேரே ஒரு பித்தளைச் செம்பு.

"இந்தா, தண்ணி."

"வேண்டாம்."

"இன்னாத்துக்கு வோணாம்?"

"நன்மை வாங்கணும்."

"தண்ணி குடிச்சா ஒருசந்தி முறியாதுமா. போன வருஷமே போப்பாண்டவரு சொல்லிட்டாரே... உங்க ஊருக்கு இன்னும் சேதி வந்து சேர்லியா?"

"வந்துச்சு. எங்க அம்மா ஒப்புக்கல."

"உங்கம்மா போப்பாண்டவருக்கு மேலயா?"

"எங்க வீட்டுல மேலதான்."

சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். சட்டைப் பையில் தொண்டர்களுக்குரிய நீல ரிப்பன். வாலிபன், நல்ல உயரம். வெயிலிலேயே வளர்ந்த கறுப்பு. கடலைப் பார்த்துப் பார்த்துப் பழகியதால் சற்றே இடுங்கிய கண்கள்... சிரித்தபோது அவற்றின் ஓரத்தில் மூன்று கோடுகள் விழுந்தன. அந்தக் கோடுகளை எண்ணியது தான்தானா என்று சுகிர்தத்துக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அவங்க அங்க கீறாங்க, நீ இங்க கீற. நா சொல்லமாட்டேன். நீயும் சொல்லாத."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செம்பை வாங்கி அண்ணாந்து குடித்தாள். தொண்டைக்குள் இறங்கிய குளிர்ச்சி நெஞ்சுவரை போயிற்று. செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அவன் வேண்டுமென்றே முகத்தை மழைப் பக்கம் திருப்பிக்கொண்டான். அந்நியப் பெண்ணை உற்றுப் பார்க்கக் கூடாது என்ற அந்த மரியாதை அவளுக்குப் பிடித்திருந்தது. மிகவும் பிடித்திருந்தது...

பூசை முடிந்ததும் டோரதியிடம் மெல்ல விசாரித்தாள்.

"அவரா? லூயிஸு. ஹார்பர்ல கிரேன் ஓட்டறாரு. எங்க தெருதான். ஏண்டி கேக்குற?"

"சும்மாதான்... தண்ணி கொடுத்தாரு."

"நூறு பேருக்குக் கொடுத்தாரு. நூறு பேரும் பேரு கேக்கலியே!"

சுகிர்தம் அவள் கையைக் கிள்ளினாள்.

*

பிற்பகல் பள்ளிக்கூட மண்டபத்தில் சொற்பொழிவுகள். 'தொழிலாளரும் ஞாயிறு பூசையும்' என்ற தலைப்பு சுகிர்தத்துக்கு. அவள் அப்பா ராசையா திருவொற்றியூரில் கருப்பட்டி மொத்த வியாபாரி. தெற்கேயிருந்து வந்து கடை வைத்தவர். தூத்துக்குடியிலிருந்து ஒரு வியாபாரிக் குடும்பம் தை பிறந்ததும் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அதற்கு முன் மகள் மேடையேறிப் பேசட்டுமே என்று அனுப்பிவைத்திருந்தார். மூன்று வாரம் உட்கார்ந்து எழுதியிருந்தாள். மேடையில் நின்று தாளைப் பிரித்துப் படித்தாள்.

"ஆலைச் சங்குக்கு எழுந்திருக்கும் நம் சகோதரர்கள் ஆலய மணிக்கு எழுந்திருப்பதில்லை. காரணம் என்ன? சோம்பல்! சோம்பலுக்கு அடுத்தபடி சினிமாக் கொட்டகை!"

கைதட்டல். பங்குச் சாமியார்கூடப் புன்னகைத்தார். அவள் தாளை மடிக்கும்போது பின்வரிசையில் ஒருவன் எழுந்தான்.

"சாமி, நா ஒண்ணு கேக்கலாமா?"

லூயிஸ்.

"கப்பலு ஞாயித்துக்கெயம பாத்து வர்றதில்லமா. வந்துச்சின்னா எறக்கித்தான் ஆவணும். காலைல ஆறு மணிக்கு உள்ள பூந்தா சாய்ந்தரம்தான் வெளிய வர்றோம். அதுக்குள்ள பூசை முடிஞ்சி கோயிலு கதவையே சாத்திடறாங்க. நாங்க எப்ப வர்றது? கிரேன் மேல குந்திக்கினு கோபுரத்தப் பாத்து சிலுவ போட்டுக்கினு கீறோம்... அத்தப் போயி சோம்பலுன்றியே, இது நாயமா?"

பின்வரிசை முழுவதும் தட்டியது, பெஞ்சே உடைந்துவிடுகிற மாதிரி. சிரிப்பு வேறு. சுகிர்தத்துக்குக் காது மடல்வரை சூடேறியது. காலையில் அப்படிச் சிரித்துப் பேசியவன், இப்போது இத்தனை பேருக்கு நடுவில்...!

"ஐயா, முதலில் தமிழை ஒழுங்காகப் பேசக் கற்றுக்கொண்டு வாருங்கள். கேள்வியைப் பிறகு கேட்கலாம்."

முன்வரிசையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவ்வளவுதான். கூரையில் விழும் மழை மட்டும் கேட்டது.

லூயிஸ் கோபப்படவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. அவன் மெதுவாகச் சொன்னான்.

"இது எங்கம்மா கத்துக் குடுத்த தமிழ்மா. ஜெபமும் இத்தலதான் சொல்றேன். ஆண்டவரு இதுவரிக்கும் புரியலன்னு சொன்னதில்ல."

உட்கார்ந்தான். சிறிது நேரம் கழித்து அவள் நிமிர்ந்து பார்த்தபோது அந்த இடம் காலியாக இருந்தது.

*

இரவு தங்கல் டோரதி வீட்டில் என்று ஏற்பாடு. விளக்கேற்றும் நேரத்துக்கே டோரதியின் அம்மா வியாகுலம்மாள் இலை போட்டுவிட்டாள். வஞ்சிரக் குழம்பின் மணம் தெருவரை வந்தது. சுகிர்தத்துக்குச் சோறு இறங்கவில்லை.

"இன்னாமா, கையி வெச்சிக்கினு சும்மா கீற? நல்லா துன்னு. வெயில்ல வெச்ச கீரத்தண்டாட்டம் கீது மொகம். ஊரு ஞாபகமா?"

"இல்லம்மா..."

"ரெண்டு துண்டு போட்டுக்கோ. டோரதி அப்பாவுக்குன்னு வெச்சது. அவுரு எங்க, சரக்கு எறக்க கப்பல்ல கீறாரு. நாளைக்கும் டூட்டிதான். பாஸ்குத் திருநாளைக்கே, ஆண்டவரு உயிர்த்த நாளைக்கே, பூசை பாக்கல, பாவம். வூட்டுக்கு வந்து மாதா படத்தாண்ட முட்டி போட்டு அழுதாரும்மா, சின்னப் புள்ளயாட்டம்..."

சொல்லிக்கொண்டே மீனை முள் எடுத்துச் சுகிர்தத்தின் சோற்றில் வைத்தாள். பெற்ற மகளுக்குச் செய்வதுபோல.

சுகிர்தத்தின் கண் நிறைந்துவிட்டது. காரம் என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள். எந்தப் பேச்சைச் சபை நடுவில் கேலி செய்தாளோ, அந்தப் பேச்சுதான் அவளுக்கு முள் எடுத்து ஊட்டிக்கொண்டிருந்தது. அவள் மூன்று வாரம் எழுதியதில் ஒரு வரியாவது இந்த வீட்டில் நின்று படிக்கக் கூடியதா...?

*

ஞாயிற்றுக்கிழமை காலை பூசையில் ஆண்கள் பக்கத்தை மூன்றுமுறை திரும்பிப் பார்த்தாள். மாதா மன்னிக்க வேண்டும். நீல ரிப்பன்கள் நிறையத் தெரிந்தன. அந்தக் கண்களை மட்டும் காணோம்.

"தேடாதடி. அவருக்கு இன்னிக்கு டூட்டி" என்றாள் டோரதி, ஜெபப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே.

தீர்மானங்கள் நிறைவேற்றும் கூட்டம் பத்தரைக்குத் தொடங்கியது. சுகிர்தம் தானாகவே எழுந்தாள். கையில் தாள் இல்லை.

"நேத்து நான் பேசினது தப்பு. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி பேசினேன். கேள்வி கேட்டவரை அவமானப்படுத்தினேன். அவர் இங்கே இல்லை. அவர் இல்லாட்டியும், எல்லார் முன்னாலயும் சொன்னதுக்கு எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேக்கிறேன்."

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தொடர்ந்தாள்.

"சாயங்காலப் பூசை வைக்கப் போன வருஷத்திலிருந்து ரோமாபுரி இடம் கொடுத்திருக்குன்னு சாமியார் சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை வேலைக்குப் போறவங்களுக்காக இந்தக் கோயில்ல சாயங்காலம் ஒரு பூசை வேணும்னு அதிமேற்றிராணியாருக்கு மனு போடலாம். இதுதான் என் தீர்மானம்."

இந்தமுறை தட்டியது முன்வரிசையா பின்வரிசையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பங்குச் சாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல காரியம். ஆனால் வேலை செய்கிறவர்களின் கையெழுத்து இருந்தால்தான் மனுவுக்கு மதிப்பு. மத்தியானம் ஹார்பர் வாசலுக்கு யார் போகிறீர்கள்?"

"நான் போறேன், சாமி."

சொன்ன பிறகுதான் தன் குரல் எவ்வளவு அவசரப்பட்டது என்று சுகிர்தத்துக்குத் தெரிந்தது. டோரதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தனியாகவா? டோரதி, நீயும் போம்மா."

*

மழை விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் தூக்குச்சட்டிகளோடு ஆட்கள் வாசல் பக்கம் வந்தார்கள். டோரதி தெரிந்தவர்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினாள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கட்டைவிரலை நீட்டினார்கள். கரி ஏறிய விரல்கள்... மை தேவைப்படவே இல்லை.

கடைசியில் அவன் வந்தான். அவளைப் பார்த்ததும் நடை நின்றுவிட்டது.

"சாய்ந்தரப் பூசைக்கு மனு. இவதான் தீர்மானம் கொண்டாந்தா" என்றாள் டோரதி. "அதுக்கு மின்னாடி எல்லார் எதிர்லயும் நின்னு உன்கிட்ட மன்னிப்பு கேட்டா. நீதான் இல்ல. நா அந்த நாஷ்டாக் கடையாண்ட நிக்கறேன். சீக்கிரம் பேசுங்கோ!"

குடையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள், பாவி.

இருவரும் ஹார்பர் வாசல் சுவரோரம் ஒதுங்கினார்கள். சுவரில் நீட்டியிருந்த தகரக் கூரை ஒரு ஆளுக்குத்தான் காணும். அவன் அவளை உள்ளே நிற்கச் சொல்லிவிட்டுத் தான் தூறலில் நின்றான்.

"கோபம் தீர்ந்துச்சா?" தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நேத்து இருந்திச்சி. பொய் சொல்லமாட்டேன்."

"இன்னிக்கு?"

அவன் தலையிலிருந்து வழிந்த மழையை முழங்கையால் துடைத்தான்.

"காலைல கிரேன் மேல ஏறினேன். அங்கருந்து கோபுரம் நல்லாத் தெரியும். ஆறு வருஷமா அத்தப் பாத்துத்தான் கும்புட்டுக்கினு கீறேன். இன்னிக்கு பாத்தா... ஜெபம் வரலமா. அதுக்குக் கீழ நீ கீறன்னுதான் நெனப்பு வந்திச்சி. கோவம் எங்க போச்சின்னே தெர்யல." கொஞ்சம் நிறுத்தினான். "உன்ன எனக்குப் புட்ச்சிருக்கு. அத்தச் சொல்லாம மறைக்கத் தெர்யல. தப்புன்னா இப்பவே சொல்லிடு, போய்க்கினே இருப்பேன்."

சுகிர்தம் தரையிலிருந்து பார்வையை எடுத்தாள். அவன் கண்களைப் பார்த்தாள். ஓரத்துக் கோடுகள் இல்லை, அவன் சிரிக்கவில்லை. பயந்திருந்தான். இவ்வளவு பெரிய மனிதன், ஒரு வார்த்தைக்காக...

"நாங்க கடைக்காரங்க. தெக்கத்திக்காரங்க. தை மாசம் தூத்துக்குடியிலிருந்து பொண்ணு பாக்க வர்றாங்க."

"நேத்து ராவே டோரதி சொல்லிச்சி."

"அப்பா லேசுல ஒப்புக்கமாட்டாங்க."

"தெர்யும்."

"அம்மா அதுக்கு மேல."

"அதுவும் தெர்யும். போப்பாண்டவருக்கே மேலாச்சே."

அழுகை வர இருந்த இடத்தில் சிரிப்பு வந்தது. இரண்டுமாகச் சேர்ந்து வந்தது.

"வரவேண்டாம்னு தூத்துக்குடிக்காரங்களுக்கு எழுதச் சொல்லிடுறேன். இன்னிக்கு வீட்டுக்குப் போனதுமே அப்பாகிட்ட சொல்லிடுறேன்."

"இன்னான்னு சொல்லுவ?"

"உள்ளதைச் சொல்லுவேன். திட்டினா கேட்டுக்குவேன். அடுத்த வாரம் நீங்க உங்க அம்மாவைக் கூட்டிக்கிட்டு வாங்க. நான் வாசல்ல நிப்பேன்."

"உள்ளதுன்னா இன்னாமா? அத்த ஏங்கிட்ட ஒருவாட்டி சொல்லக் கூடாதா?"

அவள் முக்காட்டு நுனியை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள். மறுபடியும் சுற்றினாள். எழுதிவைத்துப் படிக்க எதுவும் இல்லை. தூரத்தில் டோரதி கையை ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே மறுபடியும் சங்கு ஊதியது. அவன் போகவில்லை.

"எனக்கு..." என்றாள் சுகிர்தம். நிமிர்ந்தாள். "எனக்கும் உங்க மேல ஆசை... கீது."

சொல்லிவிட்டு, மழையையும் பார்க்காமல், தோழி நின்ற பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனாள். கையெழுத்துத் தாளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். அதில் லூயிஸ் இன்னும் கையெழுத்துப் போடவே இல்லை என்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது.

திரும்பிப் பார்த்தாள். அவன் அந்த இடத்திலேயே, நனைந்தபடி, சிரித்துக்கொண்டு நின்றிருந்தான்.