மணிக்கூண்டைத் தாங்கிய தூண்

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ."

மழைக்கு ஒதுங்கி முகப்புக்குள் ஓடிவந்த வேணுகா நிமிர்ந்தாள். வாசலில் விளக்குமாறுடன் ஒருவன் நின்றான். பல நாள் தூங்காத கண்கள்... ஆனாலும் அழகான கண்கள்.

"இது கட்டட வேலைச் சப்பாத்து. கழட்டினால் எனக்குக் காப்புறுதி இல்லை."

"ஆண்டவரிட்டை வாறவைக்கு என்ன காப்புறுதி?"

"அவருக்கு மேலை இருக்கிற கூரையைத்தான் பாக்க வந்தனான்."

அவன் சிரித்துவிட்டான். பெயர் ஆரன்.

சுவிஸில் துன் ஏரிக்கு மேலேயிருந்த அந்த மலையூருக்குக் கோடையில் வந்த ஆங்கிலேயர், நூற்று நாற்பது வருடங்களுக்கு முன் கட்டிய ஆங்கிலிக்கன் தேவாலயம் அது. கூரிய வளைவுகள், கவிழ்த்த கப்பல் போன்ற மரக்கூரை, முகப்பில் மணிக்கூண்டைத் தாங்கும் இரண்டு ஓக் தூண்கள். மணியைத் தந்தவர் இலங்கைத் தேயிலைத் தோட்ட முதலாளி என்றது சுவரிலிருந்த பித்தளைத் தகடு.

"கொழுந்து பறிச்ச பெண்டுகள் தந்தது எண்டெல்லோ எழுதியிருக்க வேணும்," என்றான் ஆரன்.

ஆங்கிலேயர் எப்போதோ போய்விட்டார்கள். பதினைந்து வருடமாக ஒரு தமிழ்ச் சபை ஞாயிறுகளில் அங்கே கூடுகிறது. கட்டடம் பத்திரமா என்று பார்த்து எழுத, ஊராட்சி வேணுகாவை அனுப்பியிருந்தது.

மூன்று சனிக்கிழமைகள் அளவுநாடாவின் மறுநுனியை ஆரனே பிடித்தான். அவனுடைய அப்பா தயாநிதி ஆஸ்பத்திரியில் இருந்தார். நுரையீரல்... இனி நாட்கள்தான்.

"அம்மாவின்ரை பெட்டி இந்த வாசலாலைதான் போனது. தன்னையும் இதாலையே கொண்டுபோகச் சொல்லி அப்பா கேக்கிறார்."

மூன்றாம் சனிக்கிழமை, முகப்பிலிருந்த சப்பாத்துத் தட்டை அவள் நகர்த்தினாள். பின்னாலிருந்த தூணின் அடியில் கத்தியை வைத்தாள். மெத்தென்ற பாண் துண்டுக்குள் இறங்குவதுபோல் அது பிடிவரை இறங்கியது. பதினைந்து பனிக்காலம், கழற்றி வைத்த சப்பாத்துகளிலிருந்து உருகிய பனியும் வீதி உப்பும் ஊறி மரத்தைத் தின்றிருந்தன. ஆங்கிலேயர் சப்பாத்தோடே உள்ளே போனவர்கள்.

"ரெண்டு கிழமை பொறுத்து எழுதேலாதோ?" ஆரன் கெஞ்சினான்.

"நாளைக்கு நூறு சனம் இந்த மணிக்குக் கீழை நிக்குமே, ஆரன்."

"உங்களுக்கென்ன... நீங்கள் சைவம். இது உங்கடை கோயில் இல்லையே."

கண் எரிய, அன்று மாலையே அறிக்கையை அனுப்பினாள். மறுநாள் காலையிலேயே ஊராட்சி ஆட்கள் கதவை அடைத்தார்கள். வியாழன் தயாநிதி போய்ச் சேர்ந்தார்.

மயானத்துக்குப் போகும் வழியில், அடைத்த வாசலின் முன் பிரேத வண்டி ஒரு நிமிடம் நின்றது. மழை. வீதியின் எதிர்ப்பக்கம் நின்ற வேணுகா தலை குனிந்தாள். 'நான்தானே அடைச்சனான்...'

எல்லாம் முடிந்தபின்னும் அவள் அங்கேயே நின்றாள். ஆரன் தனியே திரும்பி வந்தான்.

"அந்தத் தட்டு நான் அடிச்சது. பதினாறு வயசிலை. வெளியிலை வையடா எண்டு அப்பா சொன்னவர். திரும்பப் போடேக்கை சனத்தின்ரை கால் குளிருமெண்டு நான்தான் உள்ளுக்கை வைச்சனான்." மூச்சை இழுத்தான். "என்ரை பிழைக்கு உங்களிலை கோவிச்சன். வெறுக்கவும் பாத்தன்... ஏலேல்லை, வேணுகா. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் நாடாவைப் பிடிச்சது கட்டடத்துக்காக இல்லை."

"நானும் ஒரே சுவரை மூண்டுதரம் அளந்தனான்," என்றாள்.

இருவரும் வீதியைக் கடந்தார்கள். முகப்புக்கு வெளியே, மூடிய கதவை நோக்கி நின்று, அவள் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினாள். ஆரன் அவள் கையைப் பிடித்தான்.

"கழட்டாதேங்கோ... கால் குளிரும்."