எல்லாம் சரியாக இருந்த நாள்

பேனா போட்டு வைக்கும் பீங்கான் கோப்பைக்குக் கைப்பிடி இருந்தது.

அவன் அதை இரண்டு முறை பார்த்தான். போன வருஷம் அவன் மகள் குட்டி, மேசை விரிப்பைப் பிடித்து இழுத்ததில் கீழே விழுந்து, கைப்பிடி மட்டும் தனியாகத் தெறித்துப் போன கோப்பை அது. குடிக்க லாயக்கில்லை, தூக்கிப் போடவும் மனசு வரவில்லை என்று கம்ப்யூட்டர் பக்கத்தில் பேனாக்களுக்காக வைத்திருந்தான். உடைந்த இடத்தில் கூராக இரண்டு முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். யோசிக்கும்போதெல்லாம் அவற்றைக் கட்டைவிரலால் நெருடிக்கொண்டே இருப்பது அவன் பழக்கம். இப்போதும் விரல் தானாக அங்கேதான் போயிருந்தது. போன இடத்தில், வழவழவென்று, முழுசாக ஒரு கைப்பிடி.

மனைவி இதே மாதிரி புதிதாக ஒன்று வாங்கி வைத்திருப்பாள் என்று நினைத்தான். வாங்கியிருந்தால் சொல்லாமல் இருக்க மாட்டாளே என்றும் உடனே தோன்றியது. எந்த விஷயத்திலும் முதலில் தன்னைச் சந்தேகப்பட்டு முடித்த பிறகுதான் மற்றதைச் சந்தேகப்படுகிறவன் அவன். உடைந்தது வேறு கோப்பையோ என்னவோ. திரையைப் பார்த்தான். முப்பத்தொன்று சதவீதம் முடிந்திருந்தது.

திங்கட்கிழமையிலிருந்தே கம்ப்யூட்டருக்கு உடம்பு சரியில்லை. பாதி வேலையில் திரை நீலமாகும், சிஸ்டம் கோப்புகள் பழுதாகியிருக்கின்றன என்று ஒரு வரி வரும், அணைந்துபோகும். வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது அவன் தொழில், அதுவும் வீட்டிலிருந்தபடியே. இன்று சாயங்காலம் ஆறு மணிக்குள் ஒரு வரைபடம் போயாக வேண்டும். கடைக்குத் தூக்கிக்கொண்டு போக நேரமில்லாததால் மெக்கானிக் போனிலேயே வழி சொன்னார். பழுதான கோப்புகளைத் தேடிப் பிடித்து, நல்ல கோப்புகளை அந்த இடத்தில் வைக்கிற கருவி கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு மாதிரியாக நல்ல நகல் ஒன்றை மட்டும் காட்டிவிட்டால் போதும். சொன்னதையெல்லாம் நோட்டில் வரிசை எண் போட்டு எழுதிக்கொண்டான். எண் ஒன்றுக்கும் முன்னால், மேலே இப்படி ஒரு வரி எழுதியிருந்தான்: 'மணி 2.00. குட்டி தூங்கிவிட்டாள்.'

மதியம் மூன்றரைதான் ஆகியிருந்தது. ஆனால் வெளியே மேகமூட்டம் போட்டு, ஜன்னல் வழியாக வந்த வெளிச்சம் கழுவாத கண்ணாடி டம்ளர் மாதிரி மங்கலாக இருந்தது. திரையில் கறுப்புப் பெட்டிக்குள் வெள்ளை எழுத்துகள் ஓடின. 'பழுது காணப்பட்டது. சரிசெய்யப்பட்டது.' ஒவ்வொரு வரி விழும்போதும் மேசைக்கடியிலிருந்து கிர்ர், கிர்ர் என்று டிஸ்க் சுற்றும் சத்தம் எழுந்து, ஏதோ ஒன்று சுவருக்குள் உட்கார்ந்து பொறுமையாக மென்று விழுங்குவதுபோல அடங்கியது. அந்தச் சத்தத்துக்கு நடுவே, பாதி திறந்திருந்த உள்ளறைக் கதவு வழியாகக் குட்டியின் மூச்சு கேட்டது. நாலு நாளாகச் சளி. மூச்சு விடும்போதெல்லாம் மூக்கில் சின்னதாக ஒரு விசில்.

முப்பத்தெட்டுக்குத் தாவியபோது புதுப் பெயிண்ட் வாசனை வந்தது.

பக்கத்து வீட்டில் வேலை நடக்கிறதோ என்று ஜன்னலுக்குப் போனான். வெளியே ஈரமண் வாசனைதான் இருந்தது. தலையை உள்ளே இழுத்தால் பெயிண்ட், மூக்கைப் பிய்க்கும் அளவுக்கு. குனிந்து சுவரைப் பார்த்தவன் அப்படியே நின்றான். இடுப்பு உயரத்துக்குக் கீழே குட்டி நீலக் கிரேயானால் சுவர் முழுக்கக் கிறுக்கி வைத்திருந்தாள். அவள் பாஷையில் அது மழை. அவன் மனைவி சோப்பு, எலுமிச்சை, பேஸ்ட் என்று எல்லாவற்றையும் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "போறா, அவ கல்யாணத்துக்கு அப்புறம் வெள்ளையடிச்சுக்கலாம்" என்று கையெடுத்துக் கும்பிட்டு விட்டுவிட்ட கிறுக்கல்.

சுவர் வெளேரென்று இருந்தது. தொட்டுப் பார்த்தான். விரலில் லேசாக ஒட்டியது.

மெக்கானிக்குப் போன் போட்டான்.

"சொல்லுங்க சார். வண்டி கிளம்பிடுச்சா?"

"நாப்பத்தேழுல நிக்குது."

"நிக்கட்டும். அது அப்படித்தான், நின்னு நின்னு குதிக்கும். நீங்க பக்கத்துலயே உக்காந்து மொறைச்சுக்கிட்டு இருக்காதீங்க, அதுக்கு வெக்கமா இருக்கும்." மெக்கானிக் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். "ஆமா, புதுசா ஒரு நகல் இறக்கிக்கச் சொன்னேனே, அதைத்தானே காட்டுனீங்க?"

"இல்ல, நெட் ரொம்ப மெதுவா இருந்துச்சு. நான் எடுத்து வெச்ச பழைய பேக்கப் ஒண்ணு இருந்துச்சு. அதைக் காட்டிட்டேன்."

"எப்ப எடுத்தது?"

"நாலு வருஷம் இருக்கும். இந்த வீட்டுக்குக் குடி வந்த அன்னைக்கு."

அந்தப் பக்கம் ஒரு ஸ்க்ரூ தட்டில் விழுகிற சத்தம் கேட்டது. "வீடு மாத்துற அன்னைக்குப் போய் யாராவது பேக்கப் எடுப்பாங்களா சார்? தும்முறதுக்கு முன்னாடியே லிஸ்ட் போடுற ஆளு நீங்க."

"தப்பாயிடுச்சா?"

"தப்புன்னு இல்ல. அதுக்குக் கண்ணு, மூக்கு எல்லாம் இப்ப அந்தப் பேக்கப்தான். அதுல இருக்குறதெல்லாம் சரி. அதுல இல்லாதது எதுவா இருந்தாலும் பழுது. அப்படித்தான் பாக்கும்."

"அப்ப நிறுத்திடட்டுமா?"

"ஐயையோ! அதை மட்டும் பண்ணிடாதீங்க. நடுவுல நிறுத்துனா பாதி பழசு, பாதி புதுசுன்னு ரெண்டுங்கெட்டானா மாட்டிக்கும். அப்புறம் நான் இல்ல, எவன் வந்தாலும் மீட்க முடியாது. முடியுற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க."

போனை வைத்தபோது 'க்ளிக்' என்ற சத்தம் அறையில் எதிரொலித்தது. சாமான் நிறைந்த அறையில் எதிரொலி வராது. திரும்பிப் பார்த்தான். புத்தக அலமாரியைக் காணோம். அது நின்ற இடத்தில் தூசிகூட இல்லை.

மேசைமேல் அந்தப் பழைய பேக்கப் டிஸ்க்கின் உறை கிடந்தது. அதன்மேல் அவனே அழகான கையெழுத்தில் எழுதியிருந்தான்: 'எல்லாம் சரியாக இருந்தபோது எடுத்தது.' போன வாரம், குட்டி விடிய விடிய அழுத இரவில், இதே சொற்களை மனைவியிடம் சொல்லியிருந்தான். முன்னாடியெல்லாம் எல்லாம் சரியா இருந்துச்சு என்று. அசதியில் சொன்னது. அவள் குட்டியைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தாள்.

ஐம்பத்தெட்டு.

வலது கட்டைவிரலில் ஒரு குளிர்ச்சி. குட்டிக்குச் சின்னக் கட்டில் பூட்டும்போது ஸ்க்ரூடிரைவர் வழுக்கிக் கிழித்த தழும்பு அங்கே இருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஈரம் காய்வதுபோல அது ஓரத்திலிருந்து மெல்ல மறைந்துகொண்டே வந்து, கடைசிப் புள்ளியும் போயிற்று. நோட்டைப் புரட்டினான். எண் ஒன்றிலிருந்து எல்லாம் அப்படியே இருந்தது. மேலே எழுதிய வரி மட்டும் இல்லை.

மனைவிக்குப் போன் போட்டான். அவசரத்தில் விரல் இரண்டு முறை தப்பான இடத்தில் பட்டது.

"என்னங்க, இந்த நேரத்துல? வேலையா இருக்கேன்."

"குட்டி... நம்ம குட்டிக்கு ஏதோ..."

"எந்தக் குட்டி?"

"விளையாடாத. நம்ம பொண்ணு!"

அவள் பேசினாள். நாலு வருஷமாக அவன் கேட்காத, கேட்கவே வேண்டாம் என்று நினைத்திருந்த குரல் அது.

"ஏங்க இப்படிப் பண்றீங்க? அந்தப் பேச்சே கொஞ்ச நாளைக்கு வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க? சாமானெல்லாம் பிரிச்சு வெச்சாச்சான்னு கேக்கலாம்னு இருந்தேன். நீங்க என்னடான்னா..." அழுகையை விழுங்கினாள். "அடுத்த மாசம் ஆஸ்பத்திரிக்குப் போவோம். இந்தத் தடவையாவது நல்ல சேதியா சொல்லுவாங்க. வெச்சிடறேன்."

குடி வந்த அன்றைக்கு எதுவுமே சரியாக இருக்கவில்லை. கல்யாணமாகி ஆறு வருஷமாகக் குழந்தையில்லை, கையில் ரிப்போர்ட்டுகள், இரவெல்லாம் முதுகைத் திருப்பிக்கொண்டு இரண்டு பேர். அதை எப்படி மறந்தான்? சரியாக இருந்தது என்று எந்தக் கை எழுதியது?

ஓடினான். ஒவ்வோர் அடியும் காலி வீட்டில் விழுவதுபோல் முழங்கியது.

குட்டி இருந்தாள். கட்டிலில் குப்புறப் படுத்து, ஒரு கன்னம் நசுங்கி, வாய் திறந்து. விசில். விசில். அவளை வாரித் தோளில் போட்டுக்கொண்டான். தூக்கத்தில் பிள்ளைகளுக்கு ஒரு தனிக் கனம் உண்டு. அந்தக் கனம் முழுசாக அவன் மேல் இறங்கியது. "ம்ம்..." என்று சிணுங்கி, அவன் சட்டையைத் தோள் பக்கம் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். அவனுக்கு அழுகை வந்தது. திரும்பிப் பார்த்தபோது கட்டில் இல்லை. வெறும் தரை.

வெளியே போய்விட வேண்டும். வீட்டை விட்டுத் தூரமாக.

வாசல் கதவின் பூட்டைத் திருகினான். அசையவில்லை. இன்னொரு முறை திருகி, குனிந்து பார்த்தான். அது அவர்கள் பூட்டு இல்லை. குடி வந்த அன்று உள்ளே மாட்டிக்கொண்டு, ஆள் வந்து அறுத்து எடுத்த பழைய பித்தளைப் பூட்டு. அன்றைக்குப் போலவே இறுகியிருந்தது. கதவை உதைத்தான். தோளால் மோதினான். கத்தினான். எதிரொலிதான் திரும்பக் கத்தியது.

மோதி மோதி மூச்சு வாங்க நின்றபோதுதான் தெரிந்தது. கை வலிக்கவில்லை. இவ்வளவு நேரம் தூக்கி வைத்திருக்கும் கை வலிக்க வேண்டும். கனம் குறைந்திருந்தது. ஒரு வயதில் இருந்தாளே, அந்தக் கனம். இல்லை. அதற்கும் கீழே. ஆஸ்பத்திரியில் முதல் முதலாகத் துணியில் சுற்றிக் கொடுத்தார்களே.

"குட்டி. குட்டிம்மா. எழுந்திரு. அப்பாவைப் பாரு."

விசில் மட்டும். மெல்லிசாக.

கம்ப்யூட்டர் அறைக்கு ஓடினான். எண்பத்தெட்டு. எழுத்துகள் படிக்க முடியாத வேகத்தில் ஓடின. பழுது. சரி. பழுது. சரி. பழுது. பவர் வயர் சுவரில் செருகியிருந்தது. கையெட்டும் தூரம்தான்.

பாதி பழசு, பாதி புதுசு. எவன் வந்தாலும் மீட்க முடியாது.

முடியட்டும் என்று விட்டால் அவள் இல்லை. பிடுங்கினால்? வாழ்க்கையில் ஒரு தடவைகூட அவன் எதையும் பாதியில் பிடுங்கியதில்லை. எல்லாவற்றையும் முறைப்படி மூடி, முறைப்படி அணைத்து, அணைந்துவிட்டதா என்று திரும்ப வந்து பார்த்துவிட்டுப் போகிற ஆள். கை நீண்டது. நின்றது.

தொண்ணூற்றொன்று. தோளில் ஒரு கைக்குட்டையின் கனம்.

தொண்ணூற்று நான்கு.

"வேண்டாம்," என்றான். யாரிடம் என்று தெரியவில்லை. "இது பழுது இல்ல. இது பழுது இல்ல."

தொண்ணூற்றேழு.

பிடுங்கினான்.

மென்றுகொண்டிருந்த சத்தம் பாதியில் நின்றது. உள்ளே விசிறி மெல்ல மெல்லச் சுற்றி ஓய்ந்தது. திரை கறுத்தது. பெயிண்ட் வாசனை அப்படியே இருந்தது. வீடு அப்படியே காலியாக இருந்தது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

விசில்.

கழுத்தோரம், சூடாக. ஈரமாக. அவள் மூச்சு. தோளில் கனம் திரும்பிவிட்டது. தூங்கி எழுகிற பிள்ளையின் முழுக் கனம். நாற்காலியில் விழுந்து, அவளை இறுக்கிக்கொண்டு, சத்தம் வராமல் அழுதான். கன்னத்தை அவள் தலைமேல் வைத்தான். முடி குறுகுறுத்தது. எண்ணெய் வாசனை. எல்லாம் இருந்தது. இருக்கிறாள். இருக்கிறாள்.

அவள் நெளிந்தாள். முழித்துவிட்டாள். அவன் தோளிலிருந்து தலையைத் தூக்கி முன்பக்கம் திரும்புவது தெரிந்தது.

அவனும் கண்ணைத் திறந்தான்.

எதிரே அணைந்த திரை. ஜன்னல் வெளிச்சம் பின்னாலிருந்து விழ, கறுப்புக் கண்ணாடியில் அவன் தெரிந்தான். நாற்காலியில் ஓர் ஆள். இரண்டு கைகளும் வளைந்து எதையோ அணைத்திருந்தன. அந்த வளைவுக்குள் பின்சுவர் தெரிந்தது. வெள்ளைச் சுவர். தோளில் மட்டும் சட்டைத் துணி, ஒரு சின்னக் கைக்குள் கசங்கினாற்போல, ஐந்து சுருக்கமாகக் குவிந்து நின்றது.

அவன் குனிந்து பார்க்கவில்லை. முடியவில்லை.

காதுக்குப் பக்கத்தில், தூக்கம் கலையாத குரலில், அவளும் அதே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பா, குட்டி எங்க?"

சட்டைச் சுருக்கங்கள் இறுகின.