இரண்டாவது கோடு எழுந்தபோது...!

தங்கம்மா ரோலரில் சிக்கி உயிரை விட்டு இருபது மணி நேரம் ஆகியிருந்தது.

மழை இன்னும் விடவில்லை.

நிவித்திகலைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தின் ஃபேக்டரி வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. பின்பக்கத்தில் இருந்து சுரேந்திரன் இறங்கினான். ரோலர் ஓட்டுபவன். கையில் விலங்கு!

வாசலில் அவன் தங்கை சுகந்தினி நின்றிருந்தாள். பௌதீகம் படித்த பட்டதாரி. இரத்தினபுரியில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியின் ஆய்வுகூடத்தில் வேலை. பொலித்தீனில் சுற்றிய ஒரு பெட்டியை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"அண்ணே..."

பாதிக் குரல்தான் வெளியே வந்தது. அவளுக்கு எப்போதுமே பாதிதான் வரும்.

"நீ எதுக்கு மழையில வந்த? வீட்டுக்குப் போ."

"பேசாத!" இன்ஸ்பெக்டர் கருணாதிலக அவனை உள்ளே தள்ளினார். சிங்களவர் ஆனாலும் தமிழ் நன்றாக வரும் அவருக்கு. "மூணு மணிக்கு முந்தி ஒன்ன கோர்ட்ல நிப்பாட்டணும். கொலைக் கேஸ். அதுக்கு முன்னால இங்க நடந்தத நடந்த மாதிரி காட்டு!"

ரோலர் அறை.

வதங்கிய கொழுந்தை முறுக்கிப் பிழியும் அந்தப் பெரிய இரும்பு இயந்திரம் அசையாமல் கிடந்தது. மோட்டருக்குப் போகும் வயர்களைப் போலீஸ் கழற்றி, மோட்டருக்கு சீல் வைத்திருந்தது. தரையைக் கழுவியிருந்தார்கள். இருந்தும் சுகந்தினி தரையைப் பார்க்கவில்லை.

நேற்று மூன்று மணி தாண்டிய நேரம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே மண் சரிந்தது. சைரன் அலறியது. தாய்மார் வேலை நேரத்தில் விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் தூங்கிய குழந்தைகளை வாரிக்கொண்டு எல்லோரும் ஓடித் தப்பினார்கள். ஒரு பிள்ளைக்குக் கூடக் கீறல் இல்லை.

அதே நேரம்தான், நிறுத்தி வைத்திருந்த ரோலர் திடீரென்று சுழன்றது! உள்ளே குனிந்து ஒட்டிய கொழுந்தைச் சுரண்டிக்கொண்டிருந்த தங்கம்மாவுக்கு ஓட வழி இல்லை.

"எல்லாரும் சைரன் கேட்டு வெளிய ஓடினாங்க. நீ மட்டும் உள்ள நின்னு ஸ்டார்ட் பட்டன அமத்தின. சரியா?"

"நான் அமத்தல சார்."

"அப்ப எங்க இருந்த?"

"வெளிய."

"வெளிய எங்க?"

சுரேந்திரன் வாயை மூடிக்கொண்டான்.

"பாத்தீங்களா மாத்தையா!" ஃபேக்டரி வேலைகளுக்கெல்லாம் பொறுப்பான டீமேக்கர் கிருஷ்ணகுமார் முன்னால் வந்தார். "மெசின் தானா ஓடுமா? போன மாசம் கோயில் திருவிழாவுல, தம் மக ஷாமிளா பின்னால சுத்துறான்னு தங்கம்மா இவன செருப்பால அடிச்சா. தோட்டமே பாத்துச்சி!"

"அடிச்சது உண்மைதான்" என்றான் சுரேந்திரன். "மறுநாள் அவங்களே கூப்பிட்டு டீத்தண்ணி குடுத்தாங்க. அத யாரும் பாக்கல."

சுகந்தினி பெட்டியைத் தரையில் வைத்தாள்.

"சார்... பட்டன யாரும் அமத்தாமலும்... அந்த வயருக்குக் கரண்ட் வந்திருக்கலாம்."

"எங்கே இருந்து?"

"தெரியாது சார். அதத்தான் தேடணும்."

"என்ன இது, டிவி பெட்டியா?"

"ஆசிலோஸ்கோப் சார். வயர்ல கரண்ட் எப்ப வருது, எப்படி வருதுன்னு கோடு போட்டுக் காட்டும்."

"ஆஸ்பத்திரியில நெஞ்சுக்குப் பிடிக்கிறாங்களே, அது மாதிரி?"

"ஆமா சார். இதுல ரெண்டு வயர ஒரே நேரத்துல பாக்கலாம். ரெண்டு கோடு வரும்."

கருணாதிலக கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றே கால்.

"ஹரி, சரி. பன்னெண்டரைக்கு ஜீப் கெளம்பும். அதுக்குள்ள ஒன்னும் கெடைக்கல்லன்னா ஒன் அண்ணன் கோர்ட்டுக்கு, நீ வீட்டுக்கு!"

சுகந்தினி மண்டியிட்டாள்.

பெரிய கரண்டைக் குறைத்து எடுக்கும் இரண்டு ப்ரோப்கள். ஒன்றைக் கழற்றிய மோட்டர் வயரில் மாட்டினாள். மற்றதை, கொழுந்து வாட்டும் காற்றாடியின் வயரில். திரையில் இரண்டு பச்சைக் கோடுகள் இடமிருந்து வலமாக ஓடின. முடிந்தன. மறுபடி ஓடின.

"அட, ஓடுதே!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இது சும்மா ஓடுறது சார். ஆட்டோவுல விட்டா ஒன்னும் நடக்காட்டியும் கோடு போட்டுக்கிட்டே இருக்கும்."

"எங்க கான்ஸ்டபிள்மார் ரிப்போர்ட் எழுதுற மாதிரி!"

சுகந்தினி சிரிக்கவில்லை. ஒரு பட்டனை அழுத்தினாள். கோடுகள் மறைந்தன. திரை வெறுமையானது.

"என்ன, பழுதாப் போச்சா?"

"காத்திருக்கு சார். இதுக்கு ட்ரிகர்னு சொல்றது. மோட்டர் வயர்ல நான் வச்சிருக்கிற அளவுக்கு மேல கரண்ட் வந்தா மட்டுந்தான் இனிக் கோடு போடும். ஒரே ஒரு தடவ. பிடிச்சி வச்சிக்கும். அதுக்குக் கொஞ்சம் முந்தி அடுத்த வயர்ல என்ன நடந்துச்சின்னும் காட்டும்."

"பொறி வச்சிருக்கே நங்கி... தங்கச்சி."

"ஆமா சார். ஸ்டார்ட் பட்டன் கிட்ட ஒரு ஆள நிப்பாட்டுங்க. யாரும் தொடக் கூடாது."

ஒரு கான்ஸ்டபிள் பட்டனுக்கு முன்னால் நின்றார்.

காற்றாடியைப் போட்டார்கள். திரை வெறுமை.

ப்ரோப்பை மாற்றி, தேயிலை காய வைக்கும் டிரையரைப் போட்டார்கள். அதே வெறுமை.

"எவ்வளவு நேரம் இந்த வெளையாட்டு?" கிருஷ்ணகுமார் எரிந்து விழுந்தார். "ஏம்மா, படிச்ச புள்ள, மெசினுக்குப் பேய் பிடிச்சிருச்சின்னு நிரூபிக்கப் போறியா?"

அவள் டிரையரை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினாள்.

வாசலில் ஒரு நிழல். கன்னையா. தங்கம்மாவின் புருஷன். இந்த ஃபேக்டரியின் வாச்சர். பெண்டாட்டியின் உடல் இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கிடக்க, நனைந்த சட்டையோடு வந்து நின்றார்.

"ஏ சுகந்தினி..."

"மாமா."

"ஒங்க அண்ணனுக்காகத்தானே வந்த?"

"இல்ல மாமா... ஆமா மாமா."

"செத்தவ ஒனக்கு யாரு?"

அந்தக் கேள்வி அவளை அடித்தது. பட்டம் வாங்கி வந்த நாளில் லயமே பார்க்க அவளைக் கட்டிக்கொண்டவள் தங்கம்மா. 'ஏ பட்டதாரி, வாயத் தொறந்து பேசுனா காத்து எறங்கிருமா?' என்று கன்னத்தைக் கிள்ளியவள்.

கண் மங்கியது. குனிந்து ப்ரோப்பை அவிழ்த்தாள். இனி எந்த வயர்? சுவரோரமாக ஒரு பழைய இரும்புக் குழாய் போனது. அதன் அடிமுனையில் இருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. உள்ளே இருந்து இரண்டு சோடி வயர்கள் வெளியே வந்தன. ஒன்று ஸ்டார்ட் பட்டனுடையது. மற்றது...?

அப்போதுதான் வெளியே இருந்து அந்தக் குரல் கேட்டது.

"மெயின்...!"

மதியச் சைரன் நேரம். கன்னையாவுக்குப் பதிலாக நின்ற ஆள், சைரன் கூட்டில் இருந்து கத்தினான். இங்கே அது வழக்கம். சைரன் அடிக்கும் முன் 'மெயின்' என்று குரல் கொடுப்பார்கள். ரோலர் அறையின் மெயின் சுவிட்சை ஒருவர் கீழே இழுப்பார். ரோலரும் நிற்கும், விளக்கும் அணையும். சைரன் ஓய்ந்ததும் திரும்பப் போடுவார்கள்.

கிருஷ்ணகுமார் சுவிட்சை நோக்கிப் பாய்ந்தார்!

"எதுக்குங்க ஐயா?" என்றாள் சுகந்தினி.

"எதுக்கா? சைரனுக்குக் கரண்ட் பத்தாதும்மா! ரோலர நிப்பாட்டினாத்தான் சைரன் ஒழுங்கா ஊதும். ஒரு வருசமா சொல்லி வச்சிருக்கேன்ல!"

"ரோலர்தான் ஓடலயே."

"ம்...?"

"மோட்டர் வயரே கழட்டிக் கெடக்கு. கரண்ட யாரு குடிக்கிறா?"

டீமேக்கரின் முகத்தில் மழை விழவில்லை. ஆனால் நனைந்திருந்தது!

சுகந்தினியின் கை தானாக நகர்ந்தது. ஈரக் குழாயில் இருந்து வந்த அந்த இன்னொரு வயரில் ப்ரோப்பை மாட்டினாள்.

"இது எதுக்குப் போற வயருங்க ஐயா?"

"கைய எடு! ஷாக் அடிச்சிரும்!"

"சைரனுக்குத் தானே?"

"எடுன்னா எடு!"

அவர் மெயின் சுவிட்சில் கை வைக்கும் முன் அவள் குறுக்கே போய் நின்றாள். வகுப்பில் கை தூக்கக்கூடக் கூசியவள்.

"தள்ளு!"

"மாட்டேன்."

முழுக் குரல்!

"கிருஷ்ணகுமார்..." கருணாதிலகவின் கை இடுப்பு பெல்ட்டுக்குப் போனது. "அங்கேயே நில்லுங்க."

சைரன் அலறியது.

வெறுமையாகக் கிடந்த திரையில் ஒரு மின்னல்... இரண்டு கோடுகள்! இரண்டும் எழும்பி நின்றன!

"பட்டன்?" என்று கத்தினார் இன்ஸ்பெக்டர்.

"யாரும் தொடல சார்!" என்றார் கான்ஸ்டபிள்.

சைரன் ஓய்ந்தது. கூரையில் மழைச் சத்தம் மட்டும்.

இன்ஸ்பெக்டர் திரையருகே குனிந்தார். "ரெண்டு கோடும் ஒன்னாத்தானே எழும்பியிருக்கு? ஏதாவது மின்னல் அடிச்சி ரெண்டையும் தூக்கியிருந்தா? இத வச்சிக் கோர்ட்ல என்ன பேசுறது?"

"ஸ்வீப் மெதுவா இருக்கு சார். மெதுவா வரைஞ்சா கிட்டக்கிட்ட நடந்தது எல்லாம் ஒன்னாத் தெரியும். விரிச்சிப் பாக்கணும்."

அவள் ஒரு குமிழைத் திருப்பினாள். பிடித்து வைத்த கோடுகள் பக்கவாட்டில் அகன்றன. இன்னும் திருப்பினாள். இன்னும்...

இரண்டும் பிரிந்தன!

மேலே, சைரன் கோடு எழுந்தது. கீழே மோட்டர் கோடு படுத்தே கிடந்தது. ஒரு சின்ன இடைவெளி. பிறகு அதுவும் எழுந்தது.

"இருபது மில்லிசெக்கன் சார். ஒரு செக்கன்ல அம்பதுல ஒரு பங்கு. ரோலர் சுவிட்ச் உள்ள இழுக்க எடுக்கிற நேரம். மொதல்ல சைரன். அதுக்குப் பொறகுதான் ரோலர். குழாய்க்குள்ள வயர் ரெண்டும் தோல் உரிஞ்சி, மழைத் தண்ணியில ஊறிக் கெடக்கு. சைரனுக்குப் போற கரண்ட் ஸ்டார்ட் வயருக்குக் கசியுது. மழை நேரத்துல சைரன் அடிச்சா ரோலர் ஓடும்."

அவள் டீமேக்கரைப் பார்த்தாள்.

"அது ஐயாவுக்குத் தெரியும்."

கிருஷ்ணகுமார் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார்.

"போன வருசம் சைரன் போட்டப்ப... புதுக் குழாய் போடாம பழைய குழாய்க்குள்ளயே வயர இழுக்கச் சொன்னேன். ஒரு மழை நாள்ல ரோலர் தானா குதிச்சிச்சி. மேல சொன்னா ஃபேக்டரிய மூடிருவாங்க மாத்தையா. கொழுந்து குவியிற நேரம். மெயின கீழ போட்டா ஆபத்து இல்லதானேன்னு..."

"அந்தக் காரணத்த ஆளுங்களுக்குச் சொன்னீங்களா?"

"இல்ல. சொன்னா எவனும் ரோலர் கிட்ட வர மாட்டான். கரண்ட் பத்தாதுன்னு சொல்லி வச்சேன்."

"நல்ல மனுசன்!" கருணாதிலக சுரேந்திரனின் விலங்கைத் திறந்தார். அதே விலங்கு டீமேக்கரின் கையில் ஏறியது.

சுகந்தினி முதல்முறையாக மூச்சு விட்டாள். அண்ணன் தப்பினான்!

ஆனால் அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தபடி, சுண்ணாம்பாய் வெளுத்துப் போய் நின்றான்.

"இன்னும் ஒரு கேள்வி." இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினார். அவருக்கே குரல் இறங்கியிருந்தது. "நேத்து மண் சரிஞ்சப்ப சைரன் அடிச்சது... வாச்சர். கன்னையா, நீங்கதானே?"

எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள்.

அப்போதுதான் சுகந்தினிக்கு உறைத்தது. தன் கோடு யாரைப் போய்த் தொடுகிறது என்று! பெண்டாட்டியைக் கொன்ற விரல், புருஷனுடைய விரலா?

கன்னையா நிமிர்ந்தார். சுரேந்திரனை ஒரு முறை பார்த்தார். தலை குனிந்தார்.

"ஆமாங்க மாத்தையா. நான்தான்."

"பொய் சொல்லாதீங்க மாமா!"

சுரேந்திரனின் குரல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது.

"அந்த நேரம் நீங்க சைரன் கூட்டிலயே இல்ல. ஆத்தோர மாணிக்கக் குழியில கூலிக்குத் தண்ணி எறைச்சிக்கிட்டு இருந்தீங்க!"

"டேய்... பேசாத இரு..."

"எங்க போனன்னு இவரு கேட்டப்ப நான் வாயத் தொறந்தா, வாச்சர் காவல விட்டுட்டுப் போனது வெளிய வரும். வேலையும் போயிரும், லயத்து வீடும் போயிரும். அத்தையும் இல்லாம, ஷாமிளா தெருவுல நிப்பா. அதான் பேசல. இப்ப நீங்க இதையும் சுமக்க வேணாம் மாமா."

"அண்ணே..." சுகந்தினியின் குரல் மறுபடி பாதியானது. "அப்ப சைரன..."

சுரேந்திரன் தன் வலது கையைப் பார்த்தான். விலங்கின் தடம் சிவந்திருந்தது.

"மேல மண்ணு பொளக்குற சத்தம் கேட்டுச்சி. பிள்ளைக்காம்பராவுல முழுக்கப் புள்ளைங்க. கூட்டுக்கு ஓடினேன். யாரும் இல்ல. மெயின கீழ போடணும்னு ஞாபகம் வந்துச்சி தங்கச்சி. வந்துச்சி! அத்தைக்கு வெளிச்சம் வேணும். ரோலர் நின்னுதானே கெடக்கு, கரண்ட் பத்தும்னு நெனச்சேன்..."

அவன் நிமிர்ந்தான்.

"சைரன் பட்டன அமத்துனது நான்தான்."

கன்னையா சத்தம் இல்லாமல் அழுதார்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். "இது குத்தம் இல்ல தம்பி. சைரன் அடிச்சவன எந்தக் கோர்ட்டும் உள்ள போடாது. அத்தன புள்ளைங்கள காப்பாத்தியிருக்கே. நேத்தே சொல்லியிருந்தா நேத்தே ஒன்ன விட்டிருப்பேனே!"

சுகந்தினி அண்ணனின் கையைப் பிடித்தாள். அது மழையை விடக் குளிர்ந்திருந்தது.

சுரேந்திரன் சிரித்தான். கண்ணீர் மூக்கோரமாக இறங்கியது.

"கெட்டிக்காரிதான் தங்கச்சி. கோர்ட் கேஸ ஃபேக்டரியிலயே ஜெயிச்சிட்ட... சரி, ஷாமிளாகிட்டப் பேசுறதுக்கு எனக்கு எந்த வக்கீல வைக்கப் போற?"