காத்திருப்பவை: பதினொன்று

திரையில் பத்து என்று இருந்தது.

ஒரு வருடமாக அது பதினொன்று. ஒவ்வொரு நாளும் தேவாலயப் பங்கு அலுவலகத்தின் மாடி அறையைத் திறந்ததும் ஜெனிலா பார்ப்பது அந்த ஒரு வரியைத்தான். காத்திருப்பவை: 11. பார்த்ததும் திரையை அணைத்துவிடுவாள். இன்று கல்லறைத் திருநாள். கணினியை ஒரேயடியாக நிறுத்த வந்தவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பத்துதான்.

சன்னலுக்குக் கீழே கல்லறைத் தோட்டம், அதற்கப்பால் கொஞ்சம் மணல், பிறகு கடல். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் சிலுவைதோறும் திரி ஏற்றினார்கள். உருகும் மெழுகின் வாடையும் கேந்திப்பூவின் பச்சை மணமும் மேலே வந்தன. அவற்றுக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. ஈரக் கயிறும் டீசலும் கலந்த வாடை. கரைக்கு அன்று ஒரு வள்ளமும் வந்திருக்கவில்லை.

படியில் காலடி கேட்டது. விக்டோரியா மைனி, அண்ணன் மரியானின் மனைவி.

"வரலியா மக்கா?"

"இத நிறுத்திட்டு வாறேன் மைனி."

"ஒன் அண்ணனுக்கு ரெண்டு திரி கத்திச்சேன். ரெண்டையும் ஆபேலுக்க அம்மை ஊதி அணைச்சிட்டா. பத்துப் பிள்ளையள கொண்டுபோய் கொன்னவனுக்கு வெளிச்சம் ஒரு கேடான்னு கேக்கா." மைனி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நீ வந்து பக்கத்துல நின்னா வாயடைப்பா. நீ எச்சரிக்கை அனுப்பினவ இல்லியா."

ஜெனிலா திரையைப் பார்த்தாள்.

"மானம் கறுத்தாலே வள்ளத்த திருப்புத ஆளு அவிய. ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும் மைனி."

"பின்ன எப்படி கேக்காம போனாவ?"

ஜெனிலா விசைப்பலகைப் பக்கம் திரும்பினாள். மைனி இறங்கிப் போனாள்.

அந்தக் கணினியில் ஓடும் புயல் எச்சரிக்கை நிரலை எழுதியவள் ஜெனிலா. அதற்குள் ஒரே நேரத்தில் ஓடும் பல செயல்முறைகள். முதலாவது வானிலைச் செய்தியை வாங்கி மற்றவற்றுக்கு அனுப்பும். மற்றவை ஊருக்கு ஒன்று. அந்தந்த ஊர் ஆட்களின் கழுத்தில் தொங்கும் சிறு கருவிகளுக்குச் செய்தியைச் சேர்க்கும். கருவி சிவப்பாக மின்னிக் கூவும். ஆரம்பத்தில், வாங்குகிறவன் வாங்கும்வரை அனுப்புகிறவன் கையை நீட்டியபடி காத்து நின்றான். ஓர் ஊர் சுணங்கினால் எல்லா ஊரும் நின்றன. அதனால் நடுவே ஒரு பஃபர் வைத்தாள், செய்திகள் தங்கும் ஓர் இடைக்கிடங்கு. அனுப்புகிறவன் செய்தியின் நகலை அதில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடலாம். போட்ட நொடியே பதிவேடு எழுதிவிடும்: அனுப்பப்பட்டது. வாங்க ஆள் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை.

போன வருடம் பங்குத் திருநாளின் மூன்றாம் நாள் மரியான் இந்த அறைக்குத்தான் வந்தான்.

"ஏட்டி, ஒன் கருவிக்க வாயக் கொஞ்சம் பொத்து. சோதனை சோதனைன்னு பிரசங்கத்துக்கு நடுவுல கூவுது. பீடத்துல நிக்க பேதுருவே சேவல்னு நெனச்சு திடுக்கிட்டுட்டாரு."

இருவரும் சிரித்தார்கள். தன் ஊருக்கான செயல்முறையை மட்டும் அவள் நிறுத்தி வைத்தாள். திருநாள் முடிந்தது. கொடியை இறக்கினார்கள். அவள் அதைத் திரும்பத் தொடங்க மறந்தாள்.

முதலில் கடலுக்குப் போனது மரியானின் வள்ளம். பதினொரு பேர். புயல். உடனே கரைக்குத் திரும்பவும். ஆளுக்கு ஒன்றாகப் பதினொரு செய்திகள் பஃபருக்குள் போயின. வாங்க ஆள் இல்லாமல் அங்கேயே காத்துக் கிடந்தன.

விசாரணைக்கு வந்தவர்களிடம் பதிவேட்டைக் காட்டினாள். அனுப்பப்பட்டது, 3:12. பதினொரு வரிகள். "அப்போ கேட்டும் திரும்பல" என்றார் ஒருவர். அவள் இல்லை என்று சொல்லவில்லை. உடல்கள் கிடைக்கவில்லை. சட்டைகளைப் பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள். மரியானின் சட்டையை மட்டும் மதிலோரம், தள்ளி.

விசாரணை முடியும்வரை கணினியை நிறுத்தக் கூடாது என்று உத்தரவு இருந்தது. நேற்றுதான் அனுமதி வந்தது.

அவள் நிறுத்தும் கட்டளையைத் தட்டினாள். உடனே நிற்காது. பஃபரில் இருக்கும் கடைசிச் செய்தியும் வாங்கப்படும்வரை நிரல் மூடாது. அப்படித்தான் அவள் எழுதியிருந்தாள். வாங்க யாரும் இல்லாதபோது அது முடிவில்லாமல் காத்திருக்க வேண்டும்.

ஒன்பது.

தன் ஊரின் செயல்முறையைத் தேடினாள். ஓடவில்லை. ஒரு வருடமாக ஓடவில்லை.

எட்டு.

அப்போது கேட்டது. அலைக்கு அந்தப்புறம், மிகத் தொலைவில், மெல்லிய ஒரு கூவல். அவளுக்குத் தெரிந்த ஒலி. அவளே தேர்ந்தெடுத்த ஒலி. கீழே செபமாலை சொல்லிக்கொண்டிருந்த குரல்கள் ஒன்றொன்றாக ஓய்ந்தன.

ஏழு. ஆறு.

திரையில் வரிகள் வரத் தொடங்கின.

சிலுவைதாசன்: பெற்றேன். திரும்புகிறேன்.
ஆபேல்: பெற்றேன். திரும்புகிறேன்.

டீசல் வாடை தொண்டையில் இறங்கியது. விசைப்பலகை ஈரமாக இருந்தது. விரலை நக்கிப் பார்த்தாள். உப்பு.

நான்கு. மூன்று. கடலில் சிவப்புப் புள்ளிகள். அலையோடு அவை ஏறி இறங்கவில்லை. நேராக வந்தன. நடந்து வருகிறவர்களின் கழுத்து உயரத்தில்.

இரண்டு.

ஒன்று.

திரையில் வந்த பத்துப் பெயர்களில் அண்ணன் பெயர் இல்லை. மிச்சமிருப்பது யாருடைய செய்தி என்று திறந்து பார்க்கத் தேவையில்லை. அண்ணன் கேட்டால் திரும்புவான். திரும்பி வந்தால் அவளிடம் கேட்பான். எச்சரிக்கை ஏன் வரவில்லை என்று ஊர் முன்னால் கேட்பான்.

சுவரில் சுவிட்ச். அணைத்தால் பஃபரில் இருப்பது அழியும்.

விரல் அதன்மேல் இருந்தது.

அணைத்தாள்.

திரை கறுத்தது. கூவல் நிற்கவில்லை.

சன்னலுக்குப் போனாள். பத்துப் பேர் மணலில் ஏறி வந்தார்கள். கழுத்தில் சிவப்பு மின்னியது. நடக்க நடக்கத் தண்ணீர் ஒழுகியது. அது குறையவே இல்லை. தாய்மார் பெயர் சொல்லிக் கதறினார்கள். ஒருவரும் திரும்பவில்லை. பெயர் எழுதிய சிலுவைகளைக் கடந்தார்கள். தோட்டத்தைக் கடந்தார்கள். மாடி அறைக்கு நேர் கீழே வந்து நின்றார்கள்.

மைனி கையில் திரியோடு ஓடி வந்தாள். ஒவ்வொரு முகமாகத் தூக்கிப் பார்த்தாள். முகம் என்று சொல்ல மிச்சமிருந்ததை. ஒன்று. இரண்டு. பத்தாவதுவரை. பிறகு கடலைப் பார்த்தாள். அங்கே இருட்டு.

"பாத்தியா?" ஆபேலின் அம்மை மண்ணில் உட்கார்ந்தபடி சொன்னாள். "இப்பமும் அவன் கேக்கல."

மைனி மெல்ல நிமிர்ந்து மாடியைப் பார்த்தாள்.

"ஜெனி, அவிய எங்க மக்கா?"

பத்துத் தலைகளும் நிமிர்ந்தன.