கறுப்பு தாங்காது

அடுக்களை ஜன்னல் விசிலடிப்பதை நிறுத்தியிருந்தது. காற்று வீசுகிற நாளெல்லாம் அதன் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள விரிசல் வழியாக, தெருமுனையில் நிற்கிற வேலையற்ற பயலைப் போல, ஒரு விசில் வந்துகொண்டே இருக்கும். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அதை அடைத்துத் தரச்சொல்லிக் கணவனிடம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கேட்டிருக்கிறாள். ஆலை முழுக்கக் குழாய்க் கசிவை அடைக்கிறவனுக்குச் சொந்த வீட்டு ஜன்னலைத் திரும்பிப் பார்க்க நேரம் வாய்க்கவில்லை. இப்போது வெளியே மரங்கள் பேயாட்டம் ஆடிக்கொண்டிருக்க, ஜன்னல் மட்டும் வாய் திறக்காமல் நின்றது. கிட்டே போய் விரலால் தடவினாள். விரிசல் நெடுகிலும் வழவழப்பான ஒரு கறுப்பு நாடா அமுக்கித் திணிக்கப்பட்டிருந்தது. நகம் பட்ட இடம் பென்சில் கோடு போலப் பளபளத்தது. அவன் சட்டைக் காலரிலும் தலையணை உறையிலும் துவைத்துத் துவைத்து அவள் கை ஓய்ந்துபோன அதே கறுப்பு.

அவனை அடக்கம் செய்து மாதங்களாகிவிட்டன.

அவன் ரசாயன ஆலையில் ஃபிட்டர். இரண்டு குழாய்கள் சேருகிற வாயில் கறுப்புக் கிராஃபைட் தகட்டை வளையமாக வெட்டி வைத்து, போல்ட்டுகளை முடுக்கி, ஒரு சொட்டு வெளியே வராமல் அடைப்பது வேலை. அமிலமோ காரமோ கொதிக்கிற நீராவியோ, எது வந்து மோதினாலும் அந்தக் கறுப்பு அசையாது என்று அதன்மேல் அவனுக்கு அசாத்திய நம்பிக்கை. "உன்னைவிடப் பொறுமைசாலிடி அது" என்று அவளைச் சீண்டுவான். அவன் காதும் அப்படித்தான். அத்தனை இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவிலும் எங்கோ ஓரிடத்தில் 'உஸ்' என்று ஒரு கசிவு கேட்டால் நேராக அங்கே போய் நிற்பான்.

அப்படித்தான் அன்றைக்கும் போய் நின்றான். அவன் முடுக்கிய மூட்டு ஒன்று விட்டுக்கொடுத்துச் செம்பழுப்பு நிறத்தில் புகை கக்கியது. உடன் நின்றவர்களை வெளியே தள்ளிவிட்டு, தானும் தன் காலில் நடந்தே வந்தான். வீட்டுக்கு வந்து குளித்தான், சாப்பிட்டான், மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு கூடத்தைச் சுற்றி வந்தான். லேசான இருமல், அவ்வளவுதான். அந்தப் புகை ஆளை நல்லபடியாக வீட்டுக்கு அனுப்பிவைத்துவிட்டுப் பிறகு நிதானமாக நெஞ்சில் நீர் கோக்கும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், கடையிலிருந்து கொண்டுவந்த இருமல் மருந்தை இரண்டு மூடி ஊற்றிக் கொடுத்துப் படுக்கச் சொன்னாள். விடிவதற்குள் தன் நெஞ்சுக்குள்ளேயே அவன் மூழ்கிப்போனான். கடைசியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கேயோ லீக் ஆகுது, உனக்குக் கேக்குதா?" என்று மட்டும் கேட்டான். கேட்டது அவன் மூச்சுதான். அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

ஜன்னலுக்குப் பிறகு குளியலறைக் குழாய். இரவெல்லாம் சீறிக்கொண்டிருந்தது, காலையில் அடங்கிவிட்டது. அதன் கழுத்தில் கறுப்புக் கயிறு சுற்றியிருந்தது. பிறகு பின்கதவின் அடிச்சந்து. பிறகு அடுப்பு, பற்றவைக்கப் போனால் பர்னரின் துளை ஒவ்வொன்றிலும் கறுப்புப் பொடி. ஒரு நாள் குக்கர் விசிலே வராமல் உள்ளுக்குள் குமுறிக்கொண்டு நிற்க, பதறிப்போய் அடுப்பை அணைத்தாள். நீராவி வரும் துளையை யாரோ அழகாக, பிசிறில்லாமல் அடைத்திருந்தார்கள். வீட்டுக்குள் காற்று கெட்டிப்பட்டுக்கொண்டே வந்தது. சமைத்த வாடை மறுநாளும் போகவில்லை. குளித்த ஈரம் சுவரில் நீராய்க் கோத்தது. அதற்கெல்லாம் அடியில் எப்போதும் அவன் வேலை உடுப்பின் வாடை, எண்ணெயும் இரும்பும் வியர்வையும் கலந்தது. அதை மூக்கு முட்ட இழுத்துக்கொண்டு அவள் எத்தனையோ முறை கூடத்தில் நின்று அழுதிருக்கிறாள்.

பொறுக்கமாட்டாமல் அவனுடைய கூட்டாளியைக் கூப்பிட்டனுப்பினாள். ஆலையில் அவருக்கு 'வால்வு' என்று பெயர். வாயைத் திறந்தால் மூடவே மூடாத வால்வு. மத்தியானம் வந்தவர் ஜன்னலைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

"முனையை இப்படிச் சாய்வா சீவி, ஒன்னுமேல ஒன்னு ஏத்தி வெச்சிருக்கு பாரு. இது அவன் கை, தங்கச்சி. வேற எவனும் இப்படி வெக்கமாட்டான்."

"அப்போ அவர்தானாண்ணே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு, இத்தனை நாளாக நெஞ்சில் கல்லாகக் கிடந்ததைச் சொன்னார். "அந்த லைன்ல அன்னைக்கு நைட்ரிக் ஆசிடை மாத்தி விட்டுட்டாங்க. கறுப்பு எல்லாத்துக்கும் தாங்கும், அந்த ஆசிட் வீரியமா இருந்தா மட்டும் தாங்காது. ஏடு ஏடா உள்ளே பூந்து, உப்ப வெச்சு, பொடியாக்கிடும். வெள்ளை போட்டிருக்கணும், டெஃப்லான். வீட்டுக் குழாய்ல சுத்துற வெள்ளை நாடா இருக்கே, அந்தச் சரக்கு. மாத்தினதை அவன்கிட்ட யாரும் சொல்லலை."

"அவருக்குத் தெரியுமா?"

"வெளியே வந்ததுலேர்ந்து கேட்டுக்கிட்டே இருந்தான், 'நான் சரியாத்தானே முடுக்கினேன்'னு. 'சரியாத்தான்டா முடுக்கினே'ன்னு சொல்லி அனுப்பிட்டேன். ஊரெல்லாம் வாயடிச்சவன், அதை மட்டும் சொல்லலை. மனசு உடைஞ்சுபோயிடுவான்னு..." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வீட்டைப் பூட்டு, தங்கச்சி. புள்ளையைக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துடு."

"நாளைக்கு வரேண்ணே" என்றாள்.

இன்றைக்கே போயிருக்கலாம். பயம் இல்லாமலில்லை. ஆனால் பூட்டிக்கொண்டு போனால் அந்த வாடையும் போய்விடும். சாவு கொண்டுபோனவனில் மிச்சம் கிடைத்த கையளவை விட்டுவிட்டுப் போக எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்?

பள்ளியிலிருந்து வந்த மகளுக்கு இளைப்பு கண்டிருந்தது. காற்றில்லாத வீடு, அந்தப் பிஞ்சு நெஞ்சு என்ன செய்யும். இன்ஹேலரில் மருந்தை உறிஞ்ச வைத்துக் கூடத்துச் சோபாவில் படுக்க வைத்தாள். குழந்தை தூங்கிப்போனது. மூச்சு மட்டும் தூங்கவில்லை. உஸ்... உஸ்... என்று இழுத்து இழுத்து விட்டது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. இருட்டு கட்டும் நேரம். அவள் உள்ளறையில் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் ஓங்கரிக்கும் சத்தம்.

ஓடி வந்தாள். மகள் எழுந்து உட்கார்ந்து துப்பிக்கொண்டிருந்தாள். உதடெல்லாம் கறுப்பு. மடியில், எச்சிலில் நனைந்த ஒரு கறுப்பு வளையம்.

"அப்பா வாயில வெச்சாரும்மா. உஸ்ஸுன்னு சத்தம் வருதாம். நான் துப்பிட்டேன்."

அவள் பையை அப்படியே போட்டுவிட்டுக் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தாள். தாழ்ப்பாள் விலகியது. கதவு வரவில்லை. நாலு ஓரமும் கறுப்பு. குழந்தையைத் திரும்பச் சோபாவில் கிடத்திவிட்டு இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றி இழுத்தாள். நகம் பிய்ந்தது. கத்தினாள். அந்தக் கத்தல் சுவரைத் தாண்டவில்லை. ஒரு சொட்டுச் சத்தம்கூட வெளியே போகாத அளவுக்கு அவன் நன்றாகத்தான் அடைத்திருந்தான்.

அவளுக்குப் பின்னால், தரையோடு தரையாக, யாரோ மண்டியிட்டு நகர்ந்து வருகிற உரசல். சோபாவை நோக்கி.

"வேணாங்க." கதவைப் பிடித்தபடியே, திரும்பிப் பார்க்கப் பயந்து, பேசினாள். "அது கசிவு இல்லீங்க. நம்ம பாப்பா மூச்சு."

உரசல் நிற்கவில்லை.

"நிறுத்துங்க! கறுப்பு தாங்காதுங்க. கேக்குதா? அன்னைக்கும் அதுதான் தாங்கலை. நைட்ரிக் ஆசிட் விட்டுட்டாங்களாம். உங்ககிட்ட சொல்லலை. உங்க கை மேல தப்பில்லை. கறுப்பு பொடியாயிடுச்சு. வெள்ளைதான் போட்டிருக்கணுமாம். இனிமே கறுப்பை எடுக்காதீங்க, அது எதையும் காப்பாத்தாது. உங்களையே காப்பாத்தலையே!"

நின்றது.

மழைகூட ஓய்ந்தாற்போல். பிறகு வீடு முழுவதிலிருந்தும், அடுக்களையிலிருந்து, குளியலறையிலிருந்து, அவள் கைக்கு நேரே இருந்த கதவிடுக்கிலிருந்து, ஏதோ உதிர்கிற சத்தம். நாடாக்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. ஜன்னல் விசிலடித்தது. கைப்பிடி இளகி, கதவு தானாகத் திறந்துகொண்டது.

மழை வாசனையோடு காற்று முகத்தில் வந்து மோதியது. அவள் நிலைப்படியில் அப்படியே சரிந்தாள். செத்தவனிடம் போய், நீ நம்பியது உன்னைக் கைவிட்டது என்று சொல்லிவிட்டாளே. உயிரோடிருந்தபோது ஒருவரும் செய்யத் துணியாததை அவள் செய்துவிட்டாள். அந்த வாடை அவளைக் கடந்து வெளியே போகிற மாதிரி இருந்தது. "மன்னிச்சுக்கோங்க" என்று வாய்விட்டு அழுதாள். அடக்கம் செய்த அன்றுகூட இப்படி அழவில்லை.

அழுது ஓய்ந்தபோதுதான் கவனித்தாள். இளைப்புச் சத்தம் இல்லை.

நல்ல காற்று பட்டது, நெஞ்சு அடங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

மகள் சோபாவில் மல்லாந்து கிடந்தாள். முகத்தில் கறுப்பு எங்கும் இல்லை. ஈரத் துணியால் துடைத்ததுபோல் சுத்தமாக இருந்தது.

வெள்ளை.

தாடையிலிருந்து கண்ணுக்குக் கீழ்வரை. மெல்லிய வெள்ளை நாடா. சுற்றுக்கு மேல் சுற்று. ஒரு மடிப்பில்லை. ஒரு சுருக்கமில்லை.

கண்கள் திறந்திருந்தன. இமைக்கவில்லை.

அவள் ஓடினாள். பிய்த்தாள். பிய்க்கப் பிய்க்க உள்ளே இன்னும் வெள்ளை. கன்னத்தோரம், நாடாவின் கடைசி முனை படியாமல் நின்றது. அவள் விரல் அதைத் தொடுவதற்கு முன்னால், அங்கே ஒரு கட்டைவிரல் அளவுக்குப் பள்ளம் விழுந்தது. தூங்குகிற பிள்ளையைத் தடவுகிற பதத்தில், மெதுவாக, முனை படியும்வரை, அது அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தது.