டாக்டர் சொல்லட்டு

கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே நல்ல மழை. எழுபத்தேழாம் வருஷம், ஆடி மாசம். தகரப்பெட்டியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். மார்த்தாண்டத்துக்காரிக்கு மழை ஒன்றும் புதுசில்லை. ஆனாலும் புது வேலையில் சேரப் போகிற அன்றைக்கு நனைந்த கோழி மாதிரி போய் நிற்க யாருக்குத்தான் பிடிக்கும்?

ஆஸ்பத்திரி என்பது ஒரு பழைய பங்களா. அதன் பின்கட்டில் நான்கு கட்டில் போட்டு, இதயத் துடிப்பைப் பச்சைக் கோடாகக் காட்டும் மானிட்டர் ஒன்றை வைத்து, தீவிர சிகிச்சைப் பிரிவு என்று பலகை மாட்டியிருந்தார்கள். அதற்காகத்தான் என்னை எடுத்தார்கள். சென்னையில் நான் பயிற்சி பெற்றது இதய வார்டில். அங்கே மானிட்டரைப் பார்க்க நர்சுகளுக்கே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். துடிப்பு தாறுமாறாக ஓடினால், டாக்டர் வரும்வரை காத்திருக்காமல் லிக்னோகெயின் ஊசியை நாங்களே போடலாம் என்றும் அனுமதி இருந்தது.

இங்கே தலைமை நர்ஸ் சரஸ்வதியம்மாள். சுசீந்திரத்துக்காரி, ஐம்பது தாண்டியவர். தலை துவட்ட ஒரு துண்டைக் கொடுத்துவிட்டு, முதல் பேச்சாக இதைத்தான் சொன்னார்.

"பட்டணத்துல படிச்சதெல்லாம் பட்டணத்தோட இருக்கட்டு. இங்க டாக்டர் சொல்லாம ஒரு சொட்டு மருந்து உள்ள போவாண்டாம். கேட்டியா?"

"டாக்டர் இல்லாத நேரத்துல ஒண்ணு வந்தா, அக்கா?"

"ஃபோன் இருக்குல்லா. டாக்டர் சொல்லட்டு, நாம செய்வோம்."

டாக்டர் இல்லாத நேரம் என்பது தினமும் வந்தது. மத்தியானம் சாப்பிடப் போனால் சாயங்காலம்தான் திரும்புவார்கள். வீட்டில் தனி நோயாளிகள் காத்திருப்பார்கள். அதுவரை பின்கட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். உட்கார டாக்டர் கிடையாது, உட்கார்ந்திருக்கிற எங்களுக்கு அதிகாரம் கிடையாது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். அவர் பாட்டுக்குப் பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தார்.

மற்ற கட்டில்கள் நிறைந்திருந்தாலும் ஒன்றாம் கட்டிலில் மட்டும் யாரையும் படுக்க வைப்பதில்லை. மத்தியானம் டாக்டர்கள் போனதும் சரஸ்வதியக்கா அதன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காருவார். அசந்து தூங்குகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு நாள் கிட்டப் போய்ப் பார்த்தேன். தூங்கவில்லை. வலது கையின் மூன்று விரல்கள் விரிப்புக்குக் கொஞ்சம் மேலே, காற்றில், எதன் மீதோ அழுத்தியபடி நின்றன. கண் கைக்கடிகாரத்தில் இருந்தது. உதடு எண்ணிக்கொண்டிருந்தது.

யாருமில்லாத கட்டிலில் நாடி பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விரிப்பு மாற்றப் போனேன். கட்டிலின் ஓரத்தில் முழங்கை ஊன்றினாற்போல ஒரு பள்ளம். நீவிவிட்டேன்.

திரும்பவும் விழுந்தது.

டெட்டால் நாற்றத்துக்கும் ஈரச்சுவர் நாற்றத்துக்கும் நடுவில் மெல்லிசாகச் சந்தன சோப்பு மணம் வந்தது. குளித்து முடித்து அப்போதுதான் வந்து உட்கார்ந்த ஆளின் மணம். பழைய விரிப்பை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தேன். நான் வந்த வேகத்தைப் பார்த்து, அட்டெண்டர் வேலப்பன் குரலைத் தாழ்த்தினார்.

"அது நம்ம பெரிய டாக்டரோட கட்டிலாக்கும். ஒண்ணும் உபத்திரவம் கிடையாது. நீ கண்டுக்காண்டாம்."

அவர் சொன்ன கதை இது. பெரிய டாக்டர் பகவதிப்பெருமாள்தான் இந்தப் பிரிவை ஆரம்பித்தவர். டாக்டர் சொல்லாமல் மருந்து கூடாது என்ற சட்டமும் அவர் போட்டதுதான். அதற்குக் காரணம் இருந்தது. வேறெங்கோ வேலை பார்த்தபோது, ஒரு நர்ஸ் தானாகவே போட்ட ஊசியில் ஒரு குழந்தை செத்துப்போயிற்று. அந்தக் குழந்தையின் தகப்பன் முகத்தை மறக்க முடியவில்லை என்று அடிக்கடி சொல்வாராம். போன வருஷம் ஒரு மத்தியானம், சாப்பிடப் போகாமல் வார்டிலேயே இருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒன்றாம் கட்டிலில் சரிந்தார். நாக்கு குழறி, பேச்சு நின்றுவிட்டது. மானிட்டரில் கோடு தாறுமாறாக ஓடியது. சரஸ்வதியம்மாள் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு நின்றார். மற்ற டாக்டர்களுக்கு ஃபோன் போய்க்கொண்டிருந்தது. பகவதிப்பெருமாள் தானே சட்டைக்கையை மடக்கி, கையை நீட்டினார்.

"சார், கொஞ்சம் பொறுங்க, டாக்டர் வந்துருவாரு," என்றாராம் அக்கா.

நீட்டிய கை அப்படியே விழுந்தது.

அதைக் கேட்ட பிறகு எனக்கு அக்காவின் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. அந்தச் சட்டத்தை அவர் ஏன் இப்படிக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்பது புரிந்தது. அது தப்பான சட்டம் என்றால், ஒரு மனுஷனைக் கண்ணெதிரே சாகவிட்டதாக ஆகிவிடும். அதை எப்படித் தாங்குவார், பாவம்.

இசக்கிப்பாண்டி வந்தது அதற்கடுத்த வாரம். கோட்டைப் பக்கத்து ஓட்டல் ஒன்றில் பரோட்டா மாஸ்டர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயசு இருக்கும். அடுப்பு முன்னால் நெஞ்சுவலி வந்து விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டாம் கட்டிலில் படுக்கவைத்து, கையில் சலைன் ஏற்றி, மானிட்டரை மாட்டினோம். அவர் மனைவி சுடலைமாடத்தி கைக்குழந்தையோடு வராந்தாவில் உட்கார்ந்துவிட்டாள். நான் வெளியே வரும்போதெல்லாம் எழுந்து நின்றாள்.

"சிஸ்டரம்மா, அவுகளுக்கு ஒண்ணும் ஆவாதுல்லா? இந்த ஊர்ல எங்களுக்குன்னு யாருமில்ல."

"ஒண்ணும் ஆகாது," என்று சொல்லிவிட்டேன். நர்சுகள் சொல்லக்கூடாத வார்த்தை. அவள் முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. டாக்டர் சத்தியநேசன் குடையை விரித்துக்கொண்டு சாப்பிடப் போனார். அவர் போன கொஞ்ச நேரத்தில் மழை கொட்ட ஆரம்பித்தது. கூரை ஓட்டில் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் பேசினாலும் கேட்கவில்லை. விளக்கு மங்கலாக எரிந்தது.

சந்தன சோப்பு மணம் வந்தது.

இசக்கிப்பாண்டி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மானிட்டரைப் பார்த்தேன். கோடு அகன்று, வேகம் பிடித்து, தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் நெற்றி முழுக்க வியர்வை. கண் மேலே செருகியது.

ஓடிப்போய் ஃபோனை எடுத்தேன்.

சத்தமே இல்லை. மழையில் லைன் போய்விட்டது.

வேலப்பனை டாக்டர் வீட்டுக்கு விரட்டிவிட்டு, மருந்தை உடைத்து ஊசியில் ஏற்றினேன். சலைன் குழாயைப் பிடிக்கும்போது சரஸ்வதியக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் பிடி இரும்பாக இருந்தது.

"வேண்டாம் மக்ளே. டாக்டர் சொல்லட்டு."

"டாக்டர் வர்றதுக்குள்ள இவரு போயிருவாரு, அக்கா."

"ஏதாவது ஆயிட்டுன்னா உனக்கு வேலை போவும், பேரு போவும். இப்ப வந்துருவாரு. கொஞ்சம் பொறு."

அந்த நேரத்தில்தான் என் முழங்கையில் அது பட்டது.

பின்னாலிருந்து, ஒன்றாம் கட்டில் பக்கமிருந்து, ஒரு கை.

ஈரத் துணி போலச் சில்லிட்டிருந்தது. பிடிக்கவில்லை, இழுக்கவில்லை. உள்ளங்கை மேலே பார்க்க, என் முழங்கையின் மேல் வந்து படிந்தது. ஊசிக்குக் கை நீட்டுகிறவர்கள் அப்படித்தான் நீட்டுவார்கள். திரும்பிப் பார்த்தேன். கட்டில் காலியாக இருந்தது.

என் முகத்தைப் பார்த்த அக்காவின் பிடி தளர்ந்தது.

"உனக்கும் தெரியுதா?" என்று கிசுகிசுத்தார்.

தலையாட்டினேன்.

"எனக்கு மட்டும்தான்னு நெனச்சேன். எனக்கு புத்தி பிசகிட்டுன்னு நெனச்சேன்."

என் கையிலிருந்த ஊசியை வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு ஒன்றாம் கட்டில் பக்கம் திரும்பினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. எங்கேயோ போய்விட்ட முகம் அது.

"அக்கா, இவருக்கு," என்றேன். "அக்கா, வெளிய அந்தப் பிள்ளை உக்காந்திருக்கா."

இரண்டு கைக்கும் நடுவில் நின்றார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. பிறகு காலிக் கட்டிலைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"சார், கொஞ்சம் பொறுங்க."

சொல்லிவிட்டு இசக்கிப்பாண்டியின் சலைன் குழாயில் ஊசியைக் குத்தினார். மருந்து நிதானமாக இறங்கியது. நான் மானிட்டரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தறிகெட்டு ஓடிய கோடு ஒரு தடவை தயங்கியது. அப்புறம் ஒழுங்காக, வரிசையாக, நடக்க ஆரம்பித்தது. இசக்கிப்பாண்டி கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார்.

டாக்டர் சத்தியநேசன் வேட்டி முழுக்க நனைந்து ஓடிவந்தார். மானிட்டரைப் பார்த்தார். உடைந்த மருந்துக் குப்பியைப் பார்த்தார்.

"ஆரு குடுத்தது?"

"நான்தான் சார்," என்றார் அக்கா.

டாக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஃபோன்ல நான் பறஞ்சதுன்னு இருக்கட்டு," என்றார். ஃபோன் செத்துக்கிடப்பது அவருக்கும் தெரியும். நல்ல மனுஷன். சுடலைமாடத்தியிடம் விஷயத்தைச் சொல்ல வராந்தாவுக்குப் போனார். அவள் அழுகிற சத்தமும் குழந்தை அழுகிற சத்தமும் சேர்ந்து கேட்டது. எனக்கு உட்கார்ந்து அழவேண்டும் போலிருந்தது, சந்தோஷத்தில்தான்.

சரஸ்வதியக்கா அழவில்லை. பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவரும் பொழச்சிருப்பாரு. இல்லியா, சுசீலா?"

இசக்கிப்பாண்டி பிழைத்ததே அக்காவுக்குத் தண்டனையாகப் போய்விட்டது. இத்தனை நாள் பிடித்துக்கொண்டிருந்த ஒரே பிடிமானமும் கையைவிட்டுப் போயிற்று. அவர் தோளைத் தொட்டேன்.

அவர் எழுந்து இன்னொரு குப்பியை உடைத்தார். புது ஊசியில் மருந்தை ஏற்றினார். ரப்பர் குழாயை எடுத்துக்கொண்டு ஒன்றாம் கட்டிலுக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"டாக்டர் வந்தாச்சு சார்," என்றார். "இப்ப குடுக்கேன்."

ரப்பர் குழாயைக் காற்றில் சுற்றிக் கட்டினார்.

அது விழவில்லை. ஒரு புஜத்தின் பருமனுக்கு வட்டமாக, இறுக்கமாக, அந்தரத்தில் நின்றது.

விரலால் தடவி நரம்பைத் தேடினார். ஊசியை இறக்கினார். நரம்பில்தான் நிற்கிறதா என்று பார்க்க, எங்கள் வழக்கப்படி, உள்தண்டைக் கொஞ்சம் பின்னால் இழுத்தார்.

கண்ணாடிக்குள் இரத்தம் வந்தது.

கறுத்த இரத்தம். சுருள் சுருளாக மருந்தோடு கலந்தது. அக்கா ரப்பரை அவிழ்த்துவிட்டு, முழு மருந்தையும் நிதானமாக உள்ளே செலுத்தினார். விரிப்பில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

ஊசியை எடுத்துவிட்டு நாடி பார்க்கப் போனார்.

"எனக்குக் கை நிக்க மாட்டேங்குது. நீ பாத்துச் சொல்லு, மக்ளே."

போக எனக்கு இஷ்டமில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிப் போகாமல் இருப்பது? அவர் காட்டிய இடத்தில் மூன்று விரலை வைத்தேன். மணிக்கட்டு இருந்தது. சில்லென்று, எலும்போடு.

நாடியும் இருந்தது.

இசக்கிப்பாண்டிக்கு மருந்து போகுமுன் ஓடியதே, அதே தறிகெட்ட ஓட்டம். மருந்து போன பிறகும் அதில் ஒரு மாற்றமும் இல்லை. அந்த மனுஷன் இன்னும் போன வருஷத்து மத்தியானத்திலேயே கிடந்தார்.

"சரியாயிட்டா?"

"சரியாயிட்டு, அக்கா," என்றேன்.

சரஸ்வதியக்கா கட்டில் விளிம்பில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். சத்தமில்லாமல், வெகுநேரம். நான் கையை எடுக்கவில்லை. என் விரலுக்கு அடியில் அது ஓடிக்கொண்டே இருந்தது.